அம்மாயி கண்ணுக்கு யாரோ நிக்கற மாதிரி தெரியுதாம், இது கண்ணு பிரச்சனைங்களா?

கொழிஞ்சாம்பாறை பேரன்:
வணக்கங்க. எங்க அம்மாயிக்கு 79 வயசு, ரெண்டு கண்ணுலயும் மாகுலர் டிஜெனரேஷன் (விழித்திரையோட நடுப்பகுதி தேஞ்சு போற நோய்), அதுல ரத்தக்குழாய் கசியாத டிரை டைப்புன்னு போன வருசம் கோயமுத்தூர்ல பாத்து சொன்னாங்க. எதிர்ல நிக்கறவங்க மூஞ்சி தெரியாது, ஓரத்துல இருக்கறது தெரியும், அதனால வாசல் தொழுவம்னு தம்பாட்டுக்கு நடந்துக்கும். இப்ப ரெண்டு மாசமா பொழுது சாஞ்சா தொழுவத்துப் பக்கம் பாவாடை கட்டுன சின்னப்புள்ளைங்க வரிசையா நிக்குதுன்னு சொல்லுது. பேசாதாம், சும்மா நிக்குமாம், பாவாடைல இருக்கற பூவு கூட அத்தனை தெளிவா தெரியுதாம், என் மூஞ்சி தெரியாத கண்ணுக்கு. மாமா வேலந்தாவளத்துல ஒருத்தருகிட்ட மந்திரிச்சு கயிறு கட்டலாம்ங்கறார், அத்தை மூளை கலங்கிருச்சுங்கறாங்க, ஆனா அம்மாயி பால் கணக்கு இன்னும் பைசா பிசகாம சொல்லுது. யாரு வீட்லயாவது இப்படி இருந்துச்சுங்களா?

செங்கோட்டைக்காரி:
தம்பி பயப்படாதீங்க. எங்க ஆச்சிக்கும் இதே கதைதான், அவங்களுக்கு தெரிஞ்சது தொப்பி போட்ட ஆளுங்க. இதுக்கு சார்லஸ் பானெட் சிண்ட்ரோம்னு பேரு, 1760லயே சுவிட்சர்லாந்துக்காரர் பானெட், பார்வை மங்குன தன்னோட தாத்தா ஆளுங்க, பறவை, கட்டடம்னு பாத்ததை எழுதி வச்சிருக்கார். விழித்திரைல (ரெட்டினா) இருந்து வர்ற தகவல் குறைஞ்சு போனா மூளைல பார்வைக்கான இடம் சும்மா இருக்காம தானே படத்தை உண்டாக்கிருது, காலை எடுத்தவங்களுக்கு இல்லாத கால் அரிக்குமே அந்த மாதிரி. கிறுக்கு இல்ல, பேயும் இல்ல. எங்க ஆச்சி ஒரு வருசம் யார்கிட்டயும் சொல்லாம உள்ளுக்குள்ளயே வச்சு பயந்துட்டு கிடந்தாங்க, அத நெனச்சா இன்னும் மனசு ஆறல எனக்கு. உங்க அம்மாயி வாய் விட்டு சொல்லுறதே பெரிய விசயம். புள்ளைங்க தெரியும்போது லைட்டை போடுங்க, கண்ணை இடதும் வலதுமா நாலஞ்சு தடவை ஓட்டச் சொல்லுங்க, நிறைய பேருக்கு கலைஞ்சிரும். ஆனா குரல் கேக்குதுன்னாலோ, திடீர்னு நாள் கிழமை குழம்புனாலோ அது வேற, உடனே டாக்டர்கிட்ட போகணும், வயசானவங்களுக்கு சாதாரண யூரின் இன்பெக்ஷன்ல கூட அப்படி ஆகும்.

களியக்காவிளை:
இன்னொண்ணு சொல்லணும், டிரைன்னு சொன்னது வெட் டைப்பா, அதாவது கண்ணுக்குள்ள ரத்தக்குழாய் கசியற வகையா மாறலாம். எங்க அப்பா ஜன்னல் கம்பி வளைஞ்சு தெரியுதுன்னு சொன்னப்ப கண்ணாடி பவர் மாறியிருக்கும்னு விட்டுட்டோம், ஒரு கண்ணு நல்லாருந்ததால அவருக்கே சரியா புரியல, நாலு மாசம் போச்சு. அப்புறம் கண்ணுக்குள்ள ஊசி போட்டாங்க, ரத்தக்குழாய் கசியறது நின்னுச்சு, போன பார்வை போனதுதான். வாரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு கண்ணா பொத்தி கதவு நிலையோ கம்பியோ பாக்கச் சொல்லுங்க. நேர் கோடு நெளிஞ்சா காத்திருக்காதீங்க. விட்டமின் மாத்திரையும் டாக்டர் சொன்னாத்தான், பீட்டா கரோட்டின் உள்ளது பீடி சிகரெட் பிடிக்கறவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வர்ற வாய்ப்பை கூட்டும், இந்த மாத்திரைங்களைப் பத்தி 2013ல வந்த ஏரெட்ஸ் 2ங்கற ஆய்வுக்கு அப்புறம் அதுக்கு பதிலா லூட்டின், சியாக்சாந்தின்ங்கற சத்துங்கதான்.

கம்பம் மெட்டு:
எங்க அப்பத்தாவுக்கு வெள்ளைத் தட்டுல சோறே தெரியாம பாதிச்சாப்பாட்டுல எந்திரிச்சிரும், நாங்க பசியில்லன்னு நெனச்சோம். வாழையிலைல போட்டதும் மொத்தமும் சாப்பிட்டுச்சு, பச்சைல வெள்ளை நல்லா தெரியுதுல்ல. படில மஞ்ச பெயிண்ட் அடிங்க. லோ விஷன்னு பார்வை குறைஞ்சவங்களுக்கான தனி பிரிவு இருக்கற ஆஸ்பத்திரில லென்ஸ் குடுத்து பழக்குவாங்க, அதையும் கேளுங்க.

கொழிஞ்சாம்பாறை பேரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நேத்து அம்மாயிகிட்ட உக்காந்து செங்கோட்டை அக்கா சொன்னத அப்படியே சொன்னேன், கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசல, அப்புறம் "அப்ப எனக்கு புத்தி நல்லாத்தானடா இருக்குது"ன்னு என் கையப் புடிச்சுகிச்சு. தொழுவத்துல பெரிய பல்பு மாட்டியாச்சு. ஜன்னல் கம்பி பாக்கச் சொன்னேன், வலது கண்ணுல நடுக்கம்பி நெளியுதுன்னு சொல்லுதுங்க, எப்ப இருந்துன்னு அதுக்கே தெரியல. நாளைக்கு காலைல மொத பஸ்ஸுக்கு கூட்டிட்டு கெளம்பறோம்.