சொன்ன தேதிக்குப் பொருள் போவதில்லை: ஈஆர்பியை மாற்றச் சொல்கிறார்கள், சரியா?

சிஸ்டம்ஸ்_பிரிவு (கேள்வி)

வணக்கம். இயந்திர உதிரிபாகங்கள் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களிடம் மூன்று அமைப்புகள் ஓடுகின்றன. ஆர்டர், உற்பத்தித் திட்டம், கணக்கு எல்லாம் ஈஆர்பியில் (நிறுவனத்தின் வேலைகளை ஒன்றாக இணைக்கும் மென்பொருள்). விற்பனைப் பிரிவுக்குத் தனியாக ஒரு சிஆர்எம் (வாடிக்கையாளர் விவரங்களைக் கையாளும் மென்பொருள்). கிடங்குக்கு வேறொரு மென்பொருள். ஈஆர்பி போட்ட காலத்தில் நிர்வாகத்தின் குறி ஒன்றுதான்: போட்டியாளரைவிடக் குறைந்த விலை. இப்போது அந்தப் பேச்சு மாறிவிட்டது. விலையில் இனி மல்லுக்கட்ட முடியாது, "சொன்ன தேதிக்குக் கொடுப்பவர்கள்" என்று பெயர் எடுக்க வேண்டும் என்பதுதான் இயக்குநரின் புது உத்தி.

ஆனால் பொருள் சொன்ன தேதிக்குப் போவதில்லை. அதைவிட மோசம், எவ்வளவு தாமதம் என்பதிலேயே சண்டை. விற்பனை அறிக்கை 94 சதவீதம் சரியான நேரத்தில் போனது என்கிறது, கிடங்கு அறிக்கை 71 என்கிறது. இரண்டுமே எங்கள் அமைப்புகளிலிருந்து எடுத்தவைதான்.

மென்பொருள் விற்கும் ஒருவர் வந்து, ஈஆர்பி பழசாகிவிட்டது, புது கிளவுட் ஈஆர்பி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். இயக்குநருக்கு அதில் ஆசை. நிதிப் பிரிவோ, முதலில் எல்லா எண்களையும் ஒரே திரையில் காட்டும் ஒரு டேஷ்போர்டு போதும் என்கிறது. நிர்வாகக் குழுவுக்கு நான் ஒரு கருத்து எழுதித் தர வேண்டும். எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

இன்டக்ரேஷன்_ஆள்

சிஆர்எம்மில் தெரியும் ஸ்டாக் எப்போது புதுப்பிக்கப்படுகிறது? இரவு பேட்ச் (இரவில் ஒருமுறை மொத்தமாக) என்றால் குற்றவாளி அதுதான். ஏபிஐ (இரண்டு மென்பொருள்கள் நேரடியாகத் தகவல் கேட்டுப் பெறும் இணைப்பு) வழியாக உடனுக்குடன் இணைத்துவிடுங்கள். வேலை முடிந்தது.

சிஸ்டம்ஸ்_பிரிவு

ஆமாம், இரவு பேட்ச்தான். ஆனால் காலையில் முதல் ஆளாகப் போட்ட ஆர்டரும் தாமதமாகிறதே?

சப்ளைசெயின்_பார்வை

இணைப்பைத் தொடுவதற்கு முன்னால் சில விஷயங்களைப் பார்த்துச் சொல்லுங்கள்.

முதலில், "சரியான நேரம்" என்றால் எந்தத் தேதியோடு ஒப்பிட்டு? வாடிக்கையாளர் கேட்ட தேதியா, நீங்கள் முதன்முதலில் உறுதி சொன்ன தேதியா, கடைசியாகத் திருத்திய தேதியா? பெரும்பாலான இடங்களில் ஆர்டரில் ஒரே ஒரு தேதிப் புலம்தான் இருக்கும். தாமதமாகும் என்று தெரிந்ததும் வாடிக்கையாளருக்கு போன் போட்டு, தேதியைத் திருத்திவிடுவார்கள். அப்புறம் அந்த ஆர்டர் அறிக்கையில் "நேரத்துக்குப் போனது" ஆகிவிடும். உங்கள் 94 எனக்கு அந்த வாடைதான் அடிக்கிறது.

அடுத்து, ஆர்டர் பதியும்போது ஏடிபி சோதனை (இருப்பு, ஏற்கெனவே ஒதுக்கியது, வரப்போகும் உற்பத்தி மூன்றையும் வைத்து, கேட்ட அளவை எப்போது தரலாம் என்று பார்ப்பது) ஓடுகிறதா? ஓடவில்லை என்றால் ஆர்டரில் விழும் தேதி எங்கிருந்து வருகிறது?

மூன்றாவது, பொருள் மாஸ்டரில் (ஒவ்வொரு பொருளின் அடிப்படை விவரப் பதிவு) லீட் டைம் (தயாரித்து முடிக்க ஆகும் காலம்), லாட் சைஸ் (ஒரே தடவையில் தயாரிக்கும் அளவு) இரண்டையும் கடைசியாக யார், எப்போது மாற்றினார்கள்? ஒரு குவெரி போட்டு மாற்றிய தேதி வாரியாக எண்ணிப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை

இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விற்பனைப் பிரிவின் ஊக்கத்தொகை ஆர்டர் எடுத்த அன்றே விழுகிறதா, பொருள் போய்ச் சேர்ந்த பிறகா? ஆர்டர் எடுத்த அன்றே என்றால், நெருக்கமான தேதி சொல்வதில் அவர்களுக்கு லாபம் மட்டும்தான், நஷ்டம் இல்லை. எந்த மென்பொருளும் இதைத் தடுக்காது. டேஷ்போர்டு பற்றி: மூன்று கடிகாரம் மூன்று நேரம் காட்டும்போது நான்காவதாக ஒன்று வாங்குவதால் என்ன பயன்? நான் நிதிப் பிரிவில் இருப்பவன், இருந்தாலும் சொல்கிறேன்.

சிஸ்டம்ஸ்_பிரிவு

பார்த்துவிட்டேன்.

தேதிப் புலம் ஒன்றுதான், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். நல்லவேளை, யார் எதை எப்போது திருத்தினார்கள் என்ற மாற்றப் பதிவு இருக்கிறது. அதிலிருந்து முதலில் உறுதி சொன்ன தேதியை எடுத்து ஒப்பிட்டால் விற்பனையின் 94 காணாமல் போகிறது. கிடங்கு சொல்வதைவிடவும் கீழே வருகிறது.

ஏடிபி சோதனை அணைக்கப்பட்டிருக்கிறது. ஈஆர்பி தொடங்கும்போதே, ஆர்டர் பதிவு வேகமாக நடக்க வேண்டும் என்று சொல்லி அணைத்திருக்கிறார்கள். தேதியை விற்பனையாளர்களே கையால் போடுகிறார்கள்.

பொருள் மாஸ்டரில் முக்கால்வாசிப் பொருள்களின் லீட் டைம் முதல் நாள் ஏற்றிய அதே எண். பலவற்றுக்கு ஒரே பொது மதிப்பு. லாட் சைஸ் எல்லாம் பெரிது பெரிதாக. எதை எப்போது தயாரிப்பது என்று ஈஆர்பி கணக்கிடும் திட்டமிடல் ஓட்டம் வாரம் ஒருமுறை.

ஊக்கத்தொகை ஆர்டர் எடுத்த அன்றே.

கட்டமைப்பாளர்

உங்கள் பதிலைப் படித்ததும் எனக்குத் தோன்றியது: உங்கள் ஈஆர்பி ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. பழைய உத்திக்கு.

நீங்கள் எழுதியதை அந்தக் கண்ணோடு மறுபடி பாருங்கள். லாட் பெரிதாக இருந்தால் இயந்திரத்தை அடிக்கடி மாற்றியமைக்க வேண்டாம், ஒரு பொருளின் செலவு குறையும். வாரம் ஒருமுறை திட்டமிட்டால் உற்பத்தித் தளத்தில் குழப்பம் இருக்காது. ஏடிபி இல்லாவிட்டால் ஆர்டர்கள் மளமளவென்று குவியும். குறைந்த விலைதான் குறி என்றால் இவை ஒவ்வொன்றும் நியாயமான முடிவு. இயக்குநர் கூட்டத்தில் உத்தியை மாற்றினார், ஈஆர்பியின் அளவுருக்களை (லாட் சைஸ், லீட் டைம் போன்ற அமைப்பு எண்கள்) யாரும் மாற்றவில்லை. அங்கே பழைய உத்தி அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

ஹென்டர்சனும் வெங்கட்ராமனும் 1993இல் ஐபிஎம் சிஸ்டம்ஸ் ஜர்னலில் எழுதிய உத்தி ஒத்திசைவு மாதிரியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வணிக உத்தி, ஐடி உத்தி, நிறுவனத்தின் செயல்முறைகள், தகவல் அமைப்பின் உள்கட்டுமானம் என்று நான்கு பகுதிகள். ஒன்று நகர்ந்தால் மற்றவையும் நகர வேண்டும், அதுவும் ஒருமுறை செய்து முடிக்கிற வேலை அல்ல என்பதுதான் அதன் சாரம். உங்கள் நிறுவனத்தில் முதல் பகுதி மட்டும் நகர்ந்திருக்கிறது.

குழுவுக்கு எழுதும்போது மென்பொருளில் தொடங்காதீர்கள், முடிவுகளில் தொடங்குங்கள். புது உத்தி உயிர்பெறும் இடம் ஒரே ஒரு முடிவுதான்: வாடிக்கையாளருக்கு ஒரு தேதி சொல்வது. அதை யார் எடுக்கிறார்? எந்தத் தகவலை வைத்து? அந்தத் தகவல் எவ்வளவு புதிதாக இருக்க வேண்டும்? யார் மீறலாம், மீறினால் எங்கே பதிவாகும்? இந்தக் கேள்விகளுக்கான பதில்தான் உங்கள் அமைப்பின் தேவைப் பட்டியல்.

இன்டக்ரேஷன்_ஆள் சொன்னதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. ஒரு பொருள் கிடங்கில் 100 இருக்கிறது. அதில் 80 ஏற்கெனவே வேறு ஆர்டர்களுக்குப் போக வேண்டியது. அடுத்த புதன்கிழமை உற்பத்தியிலிருந்து 60 வரும், அது இன்னும் யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. ஒருவர் 50 கேட்கிறார். சிஆர்எம் திரையில் 100 என்று தெரிவதால் விற்பனையாளர் "நாளைக்கே" என்கிறார். உண்மையான பதில்: இன்று 20, மீதி 30 புதன்கிழமை. உடனுக்குடன் இணைத்தால் என்ன ஆகும்? அதே 100 இன்னும் வேகமாகத் தெரியும். சிஆர்எம்முக்குப் போக வேண்டியது ஸ்டாக் எண்ணே அல்ல. "இந்தப் பொருள், இந்த அளவு, எப்போது தரலாம்?" என்று ஈஆர்பியைக் கேட்டு வரும் தேதி.

இன்டக்ரேஷன்_ஆள்

ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் முழு ஸ்டாக்கை ஒத்திசைக்கத் தேவையே இல்லை. ஏடிபி விசாரணைக்கு ஒரே ஒரு ஏபிஐ. கட்டுவதும் சுலபம். ஆனால் ஆர்டரும் அப்போதே ஈஆர்பியில் விழ வேண்டும். இரவு வரை சிஆர்எம்மிலேயே கிடந்தால், அதே 20ஐ பகலில் பலருக்குச் சொல்லிவிடுவார்கள்.

சப்ளைசெயின்_பார்வை

ஒரு எச்சரிக்கை. லீட் டைம்கள் தவறாக இருக்கும்போது ஏடிபியை இயக்கினால், கணினியே துல்லியமாகத் தவறான தேதி சொல்லும். மனிதர் சொன்ன தவறான தேதியைவிட இது ஆபத்து, ஏனென்றால் எல்லோரும் நம்புவார்கள். அதனால் முதலில் லீட் டைம்.

அதிலும் ஒரு பொறி இருக்கிறது. "எல்லாம் தாமதமாகிறது, லீட் டைமைக் கூட்டிவிடலாம்" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். கூட்டினால் திட்டமிடல் ஓட்டம் வேலைகளை இன்னும் முன்கூட்டியே தளத்துக்குள் தள்ளும். தளத்தில் வரிசை நீளும். வரிசை நீண்டால் உண்மையான லீட் டைமும் கூடும். மறுபடி கூட்டச் சொல்வார்கள். வரிசைகள் பற்றிய லிட்டில் விதி சொல்வது இதைத்தான்: தளத்தில் 600 வேலைகள் இருந்து, நாளுக்கு 100 முடிந்தால், சராசரியாக ஒரு வேலை 6 நாள் உள்ளே கிடக்கும். நாளுக்கு 100 என்பது மாறாதபோது உள்ளே 900ஐத் தள்ளினால் 9 நாள். அதனால் மாஸ்டரில் போட வேண்டியது யாரோ ஊகித்த எண் அல்ல, உற்பத்தி ஆணை திறந்த தேதிக்கும் முடிந்த தேதிக்கும் இடைப்பட்ட உண்மையான கால அளவு. அது உங்கள் ஈஆர்பியிலேயே இருக்கும். சராசரியை மட்டும் பார்க்காமல், எவ்வளவு சிதறுகிறது என்றும் பாருங்கள்.

வாராந்திரத் திட்டத்தை ஒரேயடியாகத் தினசரியாக்கவும் வேண்டாம். ஒவ்வொரு நாளும் "இதை முன்னால் இழு, அதைப் பின்னால் தள்ளு" என்று செய்திகள் கொட்டும், ஒரு கட்டத்தில் யாரும் படிக்கமாட்டார்கள். மிக அருகிலுள்ள சில நாள்களின் திட்டத்தை உறைய வைத்துவிட்டு, அதற்கு அப்பாலுள்ளதை மட்டும் தினமும் ஓட்டுங்கள். பெரும்பாலான ஈஆர்பியில் இதற்கு நேர வேலி என்ற அமைப்பு இருக்கும்.

பழைய_டிபிஏ

மாற்றுவது பற்றி நானும் கொஞ்சம் சொல்கிறேன். இயக்குநரிடம் இரண்டு கதைகள் சொல்லுங்கள். அமெரிக்க சாக்லேட் நிறுவனமான ஹெர்ஷி 1999இல் ஈஆர்பி உள்ளிட்ட பல அமைப்புகளை ஒரே நேரத்தில், அதுவும் ஹாலோவீன் பண்டிகை விற்பனைக்குச் சற்று முன்னால் தொடங்கியது. கிடங்கில் சாக்லேட் இருந்தது, ஆனால் ஆர்டருக்கு அனுப்ப முடியவில்லை. சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்கள் நிறைவேறாமல் போயின. ஜெர்மன் சூப்பர்மார்க்கெட் நிறுவனமான லிடில் 2011இல் எஸ்ஏபி (ஈஆர்பி தயாரிக்கும் நிறுவனம்) மென்பொருள் திட்டத்தைத் தொடங்கி 2018இல் கைவிட்டது, சுமார் 50 கோடி யூரோ செலவானதாகச் செய்தி வந்தது. சரக்கைக் கொள்முதல் விலையில் மதிப்பிடுவது லிடிலின் வழக்கம். மென்பொருளின் வழக்கமோ விற்பனை விலை. தன் வழக்கத்தை விட மனமில்லாமல் மென்பொருளை வளைக்கப் போனதுதான் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது.

அதற்காக மாற்றவே கூடாது என்றில்லை. பராமரிப்பு ஆதரவு முடியப்போகிற பதிப்பு என்றால் அது வேறு கணக்கு. எஸ்ஏபியின் பழைய ஈஆர்பியான ஈசிசி 6 வைத்திருப்பவர்களில் புதிய மேம்பாட்டுத் தொகுப்புகளில் இருப்பவர்களுக்குப் பொதுப் பராமரிப்பு 2027 இறுதி வரைதான், அவர்கள் திட்டமிட்டே ஆக வேண்டும். உங்களுடையது அப்படியா?

சிஸ்டம்ஸ்_பிரிவு

இல்லை, எங்கள் பதிப்புக்கு இன்னும் காலம் இருக்கிறது. ஏடிபி, நேர வேலி இரண்டுமே எங்கள் உரிமத்துக்குள்ளேயே இருக்கின்றன. பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கல். லாட் சைஸ் பற்றி உற்பத்தி மேலாளரிடம் பேசினேன். மறுத்துவிட்டார். அவரை அளப்பது இயந்திரப் பயன்பாட்டு சதவீதத்தை வைத்து. லாட் சிறிதானால் அது குறையும். நான் கணினிப் பிரிவு. இதையெல்லாம் நான் சொல்வதா?

கணக்குப்பிள்ளை

அவர் சொல்வது நியாயம்தான். மாஸ்டரில் நீங்கள் லாட் சைஸைக் குறைத்தாலும், தளத்தில் அவர் நான்கு ஆணைகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டிவிடுவார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

நீங்கள் "அவருடைய அளவுகோலை மாற்றுங்கள்" என்று எழுத வேண்டாம். இரண்டு நிலைகளைக் கணக்கிட்டுக் காட்டுங்கள். இப்போதைய லாட் சைஸில் எந்தத் தேதி சொல்ல முடியும், மாற்றியமைப்புச் செலவு எவ்வளவு. சிறிய லாட்டில் எந்தத் தேதி, எவ்வளவு செலவு. சேஃப்டி ஸ்டாக் (அவசரத்துக்கான கூடுதல் இருப்பு) வைத்தால் முடங்கும் பணம் எவ்வளவு. அந்த எண்களை நிதிப் பிரிவோடு உட்கார்ந்து போடுங்கள், இல்லாவிட்டால் குழுவில் எங்கள் ஆட்களே கேள்வி கேட்பார்கள். வேகத்துக்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுக்கச் சம்மதமா என்பது இயக்குநரின் முடிவு.

கட்டமைப்பாளர்

இதோடு ஒவ்வொரு அளவுருவுக்கும் ஓர் உரிமையாளரை எழுதி வாங்குங்கள். லீட் டைம் திட்டமிடல் பிரிவுடையது. வாடிக்கையாளர் முன்னுரிமை விற்பனையுடையது. முதலில் உறுதி சொன்ன தேதி யாருக்கும் திருத்த உரிமை இல்லாத தனிப் புலம். கணினிப் பிரிவு எதற்கும் உரிமையாளராக வேண்டாம். இப்போது அந்த எண்கள் யாருடையதும் இல்லை, அதனால்தான் முதல் நாள் ஏற்றியபடியே கிடக்கின்றன.

எல்லாப் பொருளிலும் ஒரே நேரத்தில் செய்யாமல் ஒரு பொருள் குடும்பத்தில் தொடங்குங்கள். ஆர்டர் அடிக்கடி வரும், அதே சமயம் பாகங்கள் குறைவாக உள்ள குடும்பமாக எடுங்கள்.

சிஸ்டம்ஸ்_பிரிவு

கருத்துரையை இப்படி எழுதியிருக்கிறேன்: புது ஈஆர்பி பற்றிய முடிவைத் தள்ளிவைப்பது. ஒரு பொருள் குடும்பத்தில் உண்மையான லீட் டைம், சிறிய லாட், ஏடிபி. இரண்டாவது தேதிப் புலம் உடனே. டேஷ்போர்டு அந்தப் புலத்தில் தரவு சேர்ந்த பிறகு. லாட் சைஸ் கணக்கைத் தனி இணைப்பாக வைத்திருக்கிறேன், நிதிப் பிரிவில் ஒருவர் உதவுகிறார். ஊக்கத்தொகை பற்றி ஒரு வரி மட்டும். அதற்கு மேல் எழுதினால் விற்பனைத் தலைவர் மற்றதையும் படிக்கமாட்டார்.

பழைய_டிபிஏ

நல்லது. ஒன்று மட்டும் உடனே பாருங்கள்: மாற்றப் பதிவை அழிக்கும் ஆர்க்கைவ் ஜாப் ஓடுகிறதா? உங்கள் வாதம் முழுக்க அந்தப் பதிவின் மேல் நிற்கிறது.

சிஸ்டம்ஸ்_பிரிவு

ஓடுகிறது. 13 மாதத்துக்கு மேற்பட்டதை மாதக் கடைசியில் அழிக்கிறது. நிறுத்திவிட்டேன், பழைய தேதிகளைத் தனி டேபிளில் எடுத்துவைக்கிறேன்.