கார்னர்ஷாப் பேண்டை முதன்முதலில் எங்கே கேட்டீர்கள்?

கல்லாப்பெட்டி:

எங்கள் கடை கிழக்கு லண்டனில், ஈஸ்ட்ஹாமில், இரண்டு தெருக்கள் சேரும் முனையில் இருந்தது. பால், ரொட்டி, சிகரெட், பத்திரிகை, பிள்ளைகளுக்கு மிட்டாய். 1988இல் ஒரு குஜராத்திக்காரரிடமிருந்து அப்பா அதைக் கைமாற்றி வாங்கினார். காலை ஐந்து மணிக்குப் பத்திரிகைக் கட்டுகள் வாசலில் வந்து விழும். பிளாஸ்டிக் நாடாவைக் கத்தியால் அறுத்து, இணைப்பிதழ்களை ஒவ்வொன்றாக உள்ளே செருகி, தட்டில் அடுக்கிவிட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் போவேன். விரலெல்லாம் மையாக இருக்கும். சோப்புப் போட்டாலும் போகாது.

1993 தொடக்கத்தில் ஒரு காலை, இசைப் பத்திரிகை ஒன்றை அடுக்கும்போது நடுப்பக்கம் விரிந்துகொண்டது. ஒரு பேண்டின் பெயர் கொட்டை எழுத்தில்: கார்னர்ஷாப், அதாவது முக்குக்கடை. அப்போது எனக்கு 15 வயது. பள்ளியில் என்னைக் கேலி செய்ய விரும்பியவர்கள் கூப்பிட்ட பெயரும் அதுதான். என் பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை, அதனால் 'ஏய் கார்னர்ஷாப்'. இங்கே பழுப்புத் தோல் என்றால் அப்பாவுக்கு முக்குக்கடை இருக்கும் என்று ஒரு முடிவு. எனக்கு உண்மையிலேயே கடை இருந்ததால் பதில் சொல்லவும் வழியில்லை. அந்தச் சொல்லை நான்கு பேர் எடுத்துத் தங்கள் நெற்றியில் தாங்களே ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கடை திறக்கும் நேரம் தாண்டியும் நான் தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்து ஷட்டரைத் தூக்கியபோதுதான் எழுந்தேன்.

அந்த நான்கு பேர்: பாடகர் டிஜிந்தர் சிங், அவர் சகோதரர் அவ்தார் சிங், பென் ஏர்ஸ், டிரம்ஸ் வாசித்த டேவிட் சேம்பர்ஸ். சிங் சகோதரர்கள் வுல்வர்ஹாம்ப்டன்காரர்கள். டிஜிந்தர் பிறந்தது 1968இல். வந்தேறிகளுக்கு எதிராக ஈனாக் பவல் பர்மிங்ஹாமில் பேசிய பேச்சும் அதே ஆண்டுதான். பவல் அப்போது வுல்வர்ஹாம்ப்டனின் ஒரு தொகுதிக்கு எம்.பி. அந்த ஊரில், அந்தப் பேச்சின் நிழலில் வளர்ந்த பிள்ளை அவர். பிரெஸ்டன் பாலிடெக்னிக்கில் படிக்கப் போன இடத்தில் பென் ஏர்ஸ் நண்பரானார். ஜெனரல் ஹேவாக் என்று ஒரு பேண்ட் அங்கே முளைத்து, ஒரே ஒரு வெளியீட்டோடு நின்றது. பிறகு 1991இல் லெஸ்டரில் கார்னர்ஷாப்.

இவர்களை முதன்முதலில் எங்கே, எப்படிக் கேட்டீர்கள் என்று எல்லோரிடமும் கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. 1998இல் உலகமே கேட்ட 'பிரிம்ஃபுல் ஆஃப் ஆஷா' பாட்டைப் பற்றியும் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முந்தைய ஆறேழு ஆண்டுகளை யாராவது பார்த்திருந்தால் அவர்களுடைய கதைதான் எனக்கு முதலில் வேண்டும்.

லெஸ்டர்வாசி:

நான் பார்த்தேன். நேரில்.

1992. சேலத்திலிருந்து மேற்படிப்புக்கு லெஸ்டர் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த ஊரைப் பற்றி ஒன்று சொன்னால்தான் மற்றது புரியும். 1972இல் இடி அமீன் ஆசியர்களை உகாண்டாவைவிட்டு விரட்டியபோது, தயவுசெய்து லெஸ்டருக்கு வராதீர்கள் என்று இந்த ஊர் நகராட்சி உகாண்டா பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது. அதையும் மீறி ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். நான் போன காலத்தில் பெல்கிரேவ் சாலை முழுக்கப் புடவைக் கடையும் நகைக் கடையும் இனிப்புக் கடையும்தான். தீபாவளிக்கு அந்தச் சாலையில் போடும் விளக்கலங்காரத்தைப் பார்த்தால் ஊர் ஞாபகம் வந்துவிடும்.

ஆனால் கிடார் பேண்ட் வாசிக்கும் பப் என்பது வேறு உலகம். அங்கே நம் முகம் கிடையாது. கூடப் படித்த ஒரு பையன் இழுத்துக்கொண்டு போனான். மாடியில் ஒரு சின்ன அறை. பியர் ஊறிப்போன கம்பளம், செருப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. முப்பது பேர் இருந்திருப்போம். ஆரம்பித்ததுமே காது அடைத்துவிட்டது. கிடார் இரைச்சல், அந்த இரைச்சலுக்கு அடியில் எங்கேயோ ஒரு சித்தார். நான் அதுவரை சித்தார் கேட்டதெல்லாம் தூர்தர்ஷனில் தலைவர்கள் யாராவது இறந்தால்தான். இங்கே அது கோபமாக இருந்தது. மின்சாரக் கம்பி அறுந்து விழுந்து தெறிப்பது மாதிரி.

பாட்டு நன்றாக இருந்ததா என்று அப்போது கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். வரிகள் ஒன்றுமே காதில் விழவில்லை. ஆனால் டிஜிந்தர் நின்ற விதம் இன்னமும் கண்ணில் நிற்கிறது. குதிக்கவில்லை, ஆடவில்லை, கூட்டத்தைக் குஷிப்படுத்தப் பார்க்கவில்லை. தன் வீட்டுத் திண்ணையில் நிற்பவர் போல நின்று பாடினார். நான் அந்த ஒரு வருடமாக எந்த அறைக்குள் போனாலும் சுவரோரமாகத்தான் நிற்பேன். அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அதையேதான் யோசித்துக்கொண்டு நடந்தேன்.

ஏபக்கம் பிபக்கம்:

முதல் இசைத்தட்டு என்னிடம் இருக்கிறது. 'இன் தி டேஸ் ஆஃப் ஃபோர்டு கார்டினா', 1993, ஏழு அங்குலம். கறி நிறத் தட்டு என்று சொல்லித்தான் விற்றார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் என் கண்ணுக்கு அது பருப்புக் குழம்பு நிறம். ஓரத்தில் கொஞ்சம் கலங்கலாக, நடுவில் தெளிவாக. பள்ளிக்கூடத்தில் 'கறி நாற்றம்' என்று கேட்டு வளர்ந்த ஒருவன் இதைக் கையில் பிடித்தால் எப்படி இருக்கும் என்று கல்லாப்பெட்டி அண்ணாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பேண்டின் பெயர் எந்த வேலையைச் செய்ததோ அதே வேலையைத்தான் இந்தத் தட்டின் நிறமும் செய்தது.

வெளியிட்ட நிறுவனம் வீஜா. லண்டனில் டால்பட் சாலையில் இருந்த ரஃப் டிரேட் இசைத்தட்டுக் கடையிலிருந்து கிளம்பியது அது. கடையின் அஞ்சல் குறியீடு டபிள்யூ11 1ஜேஏ (W11 1JA). அதில் 1 என்ற எண்ணை 'ஐ' (i) எழுத்தாக எடுத்துச் சேர்த்து வாசித்தால் நிறுவனத்தின் பெயர் (Wiiija) வந்துவிடும். அங்கே நானும் சனிக்கிழமைகளில் போய்த் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பேன். கையில் காசு இருக்காது. இந்தத் தட்டுக்கு மட்டும் மதியச் சாப்பாட்டுக் காசைச் சேர்த்து வைத்தேன்.

இன்னொரு விஷயம், எனக்குக் கொஞ்சம் வலிக்கிற விஷயம். நான் ஸ்மித்ஸ் பேண்டின் வெறியன். மான்செஸ்டரின் அந்த நான்கு பேர்தான் எனக்கு இங்கிலாந்தைப் பிடிக்க வைத்தார்கள். அவர்களின் பாடகர் மோரிசியின் வரிகள் மனப்பாடம். 1992 ஆகஸ்டில் ஃபின்ஸ்பரி பூங்காவில் மேட்னஸ் குழு நடத்திய பெரிய கச்சேரியில் மோரிசி பிரிட்டனின் யூனியன் ஜாக் கொடியைப் போர்த்திக்கொண்டு பாடினார். கூட்டத்தில் மொட்டைத்தலை இனவெறிக் கும்பல்களும் இருந்தன. அந்தக் காலத்தில் அந்தக் கொடியை யார் தூக்கிக்கொண்டு யாரைத் துரத்தினார்கள் என்பது இங்கே வாழ்ந்த நம் எல்லோருக்கும் தெரியும். மறு வருடம் செப்டம்பரில் கிழக்கு லண்டன் மில்வால் வார்டில் பி.என்.பி. என்ற இனவெறிக் கட்சி ஒரு கவுன்சிலர் பதவியையே பிடித்தது. ஏன் அந்தக் கொடி என்ற கேள்விகளுக்கு மோரிசி நேராகப் பதில் சொல்லவில்லை. கார்னர்ஷாப்காரர்கள் அவருடைய இசைத்தட்டு நிறுவனமான இ.எம்.ஐ. அலுவலகத்துக்கு முன்னால் போய் அவர் படத்தைக் கொளுத்தினார்கள்.

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வந்தது கோபம். இவர்கள் யார், ஒரு தட்டுகூட சரியாக விற்காதவர்கள், என்று நினைத்தேன். அறைச் சுவரில் இருந்த மோரிசி படத்தை நான் கழற்ற இரண்டு வருடம் ஆனது. நான் பார்க்க மறுத்ததை அவர்கள் 1992இலேயே பார்த்துவிட்டார்கள். அவருடைய பாட்டை நேசித்தவர்களால்தான் அவ்வளவு கோபப்பட முடியும் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

இரவு ஷிஃப்ட்:

எனக்கு இவ்வளவு விவரம் தெரியாது. ஆறு மணிக் கதை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

1995இல் நான் தெற்கு லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்த்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நான்கு வருடம். காலை ஆறு மணிக்கு வேலை முடிந்து இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வர ஏழேகால், ஏழரை ஆகிவிடும். கூட வேலை செய்த பஞ்சாபிப் பெண் ஒருத்தி கேசட் ஒன்று தந்தாள். 'வுமன்ஸ் காட்டா ஹேவ் இட்'. முதல் பாட்டின் பெயரே '6 ஏ.எம். ஜலந்தர் ஷேர்'. முழுக்கப் பஞ்சாபி. ஒரே சுருதி, ஒரே அடி, அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். கோயிலில் பஜனை நடக்கும்போது தூணில் சாய்ந்து கண்ணை மூடினால் வருமே ஒரு கிறக்கம், அது மாதிரி. கடைசிப் பாட்டாக அதே பாட்டு மறுபடியும் வரும், இந்த முறை பெயர் '7:20 ஏ.எம்.' ஆறு மணிக்கு வாக்மேனை அழுத்தினால், என் ஸ்டாப் வரும் நேரமும் ஏழு இருபதும் ஏறக்குறைய ஒன்றுதான். கேசட் அதற்குள் முடிந்து திரும்பவும் ஓடிக்கொண்டிருக்கும், அது வேறு. ஆனாலும் எனக்காகவே போட்ட மாதிரி இருந்தது.

எனக்குப் பஞ்சாபி ஒரு சொல் தெரியாது. பஸ்ஸில் இருந்த வெள்ளைக்காரருக்கும் தெரியாது. அதற்காக அவர்கள் அர்த்தம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. நான் அப்போது பஸ்ஸில் தமிழில் பேசக்கூடக் குரலைத் தாழ்த்துவேன்.

அந்த கேசட்டை அமெரிக்காவில் டேவிட் பர்னின் லுவாக்கா பாப் நிறுவனம் வெளியிட்டது என்று அந்தப் பெண் பெருமையாகச் சொல்வாள். எனக்கு டேவிட் பர்ன் யார் என்றே தெரியாது. சரி, பெரிய ஆள் போலிருக்கிறது என்று தலையாட்டினேன்.

பெட்ரோல் ஸ்டேஷன் தம்பி:

எல்லோரும் பழசைச் சொல்லிவிட்டீர்கள், நான் 1998 ஆள்தான். பெப்ரவரி. வெம்ப்ளி பக்கம் ஒரு பெட்ரோல் ஸ்டேஷனில் இரவு கல்லாவில் இருப்பேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் ஒரு சின்ன ரேடியோவும். மணிக்கு ஒரு தடவையாவது 'பிரிம்ஃபுல் ஆஃப் ஆஷா' வரும். காரை நிறுத்திவிட்டு வரும் பையன்கள் கண்ணாடிக்கு வெளியே தலையை ஆட்டிக்கொண்டே காசை நீட்டுவார்கள்.

அப்புறம்தான் தெரிந்தது, அந்தப் பாட்டு 1997 ஆகஸ்டிலேயே வந்து பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 60ஆம் இடத்தோடு நின்றுவிட்டது என்று. மூலப் பாட்டு நிதானமானது, நடந்து போகிற வேகம். டி.ஜே. நார்மன் குக் அதைக் கேட்டுப் பிடித்துப்போய் வேகத்தைக் கூட்டி ரீமிக்ஸ் செய்தார். அது ஒன்றாம் இடத்துக்குப் போனது. அவர் 80களில் ஹல் நகரத்து ஹவுஸ்மார்ட்டின்ஸ் பேண்டில் பாஸ் கிடார் வாசித்தவர். ஆக, ஒரு இண்டி (சின்ன கம்பெனிகளில் தட்டுப் போடுகிற) பேண்டுக்காரர் இன்னொரு இண்டி பேண்டைத் தூக்கிவிட்டார். பி.பி.சி. ரேடியோ தொகுப்பாளர் ஜான் பீல் மட்டும் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. ரீமிக்ஸ் வருவதற்கு முன்பே, 1997 முடிவில் அவருடைய நேயர்கள் வாக்களித்த வருடாந்தரப் பட்டியலில் அந்த நிதானமான பாட்டுதான் முதலிடம்.

எனக்கு இப்போது பிடித்ததும் அந்த நிதானமான பாட்டுதான். அதில் ரேடியோ பெயர்களும் ரெக்கார்டு கம்பெனிப் பெயர்களும் ஒவ்வொன்றாக வரும்போது, அலமாரியைத் திறந்து காட்டுவது போல இருக்கும். ரீமிக்ஸில் அலமாரியைப் பார்க்க நேரமே இல்லை.

கல்லாப்பெட்டி:

எல்லோருக்கும் நன்றி. லெஸ்டர்வாசி அண்ணா எழுதியதை மூன்று முறை படித்தேன். பெட்ரோல் ஸ்டேஷன் தம்பி சொன்ன நிதானமான பாட்டுக்கு என்னிடமும் ஒரு கதை இருக்கிறது.

1997 இலையுதிர் காலத்தில் 'வென் ஐ வாஸ் பார்ன் ஃபார் தி செவன்த் டைம்' ஆல்பத்தை வாங்கிவந்து கடையில் போட்டேன். பல்கலைக்கழகத்துக்குப் போகாத நாட்களில் கல்லா என் பொறுப்பு. அப்பா பின்னால் பால் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பாட்டில் ஆஷா என்ற பெயர் திரும்பத் திரும்ப வந்ததும், யார் அந்த ஆஷா என்று கேட்டார். ஆஷா போஸ்லே அப்பா, பின்னணிப் பாடகி, அவரைப் பற்றித்தான் பாட்டு என்றேன்.

இங்கே என் வெள்ளைக்கார நண்பர்களுக்கு இதை விளக்க அரை மணி நேரம் ஆகும். நடிகை வாயசைப்பார், வேறொருவர் பாடுவார், ஜனங்களுக்கு இரண்டு பேரையும் பிடிக்கும், அதில் ஏமாற்று எதுவும் இல்லை என்று. அவர்களுக்குக் கடைசிவரை அது புரியாது. அப்பாவுக்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை. "நம்ம செண்பகமே பாடினவங்களா?" என்றார். 'எங்க ஊரு பாட்டுக்காரன்' படத்தில் இளையராஜா இசையில் ஆஷா பாடிய பாட்டு அது. 1987 படம். கடையை வாங்கியதற்கு முந்தைய வருடம். அப்பா அந்த கேசட்டை இங்கே கொண்டுவந்து, நாடா இழுத்துப் போகும்வரை கேட்டிருக்கிறார்.

கையில் பால் பெட்டியோடு அப்படியே நின்றார். பாட்டு முடியும்வரை வைக்கவில்லை. பிறகு, "வெள்ளைக்காரன் ரேடியோவில் அவங்க பேரைச் சொல்றானா?" என்று கேட்டார். சொல்கிறான் அப்பா, என்றேன்.

அடுத்த ஆண்டு அந்தப் பாட்டு ஒன்றாம் இடத்துக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, பட்டியல் வாசிக்கும் நேரத்தில் அப்பா ரேடியோவைக் கல்லாவுக்குப் பக்கத்தில் தூக்கி வைத்து முழுச் சத்தத்தில் திறந்துவிட்டார். முட்டை வாங்க வந்த பக்கத்து வீட்டு ஐரிஷ் கிழவி, என்ன விசேஷம் என்றாள். அப்பா முதலில் ரேடியோவைக் காட்டினார். பிறகு வாசல் பலகையைக் காட்டினார். அதில் எங்கள் கடைப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் பத்திரிகை, புகையிலை, மிட்டாய் என்று எழுதியிருந்தது. கிழவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பா முட்டைக்குக் காசு வாங்கவில்லை.