9 மி.மீ. ஹாலோ பாயிண்ட் தோட்டா ரேம்ப்பில் முட்டி நிற்கிறது: துப்பாக்கியை மாற்றவா, தோட்டாவை மாற்றவா?

பிளேனோ_வாசி:

வணக்கம். டெக்ஸஸ், கிரீன் கார்டு. இடுப்பில் வைத்துக்கொள்ளும் சின்ன 9 மி.மீ. பிஸ்டல், 3.1 அங்குலக் குழல், 10 தோட்டா பிடிக்கும் மேகசின் இரண்டு. பயிற்சித் தோட்டா (குண்டின் எடை 115 கிரெய்ன், உருண்டை மூக்கு, முழு செம்பு உறை) 300 சுட்டாச்சு, ஒரு தடங்கலும் இல்லை. தற்காப்புக்கென்று 115 கிரெய்ன் ப்ளஸ்-பி (சாதாவைவிட அழுத்தம் கூடின) ஹாலோ பாயிண்ட் (மூக்கில் குழி உள்ள, பட்டதும் விரியும் குண்டு) 20 கொண்ட பெட்டி இரண்டு வாங்கினேன். வாய் அகலமான ரகம். அதில் 3 தடவை மூக்கு ஃபீட் ரேம்ப்பில் (தோட்டா குழலுக்குள் ஏறும் சரிவு) முட்டி ஸ்லைடு (மேலே முன்பின் நகரும் பகுதி) பாதியில் நின்றுவிட்டது.

வீட்டில் 4 வயசுப் பையன் இருப்பதால் தினமும் ராத்திரி சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா நிற்கும் அறை) உள்ள தோட்டாவை எடுத்துவிட்டு, காலையில் திரும்ப ஏற்றுகிறேன்.

1) கோளாறு துப்பாக்கியிலா தோட்டாவிலா? 2) 115, 124, 147 இதில் எது? 3) ப்ளஸ்-பி அவசியமா?

கிரெய்ன்_கணக்கு:

மூன்று தடங்கலும் "முட்டி நின்றது" என்றால் போதாது. இதைச் சொல்லுங்க:

மேகசினில் முதல் தோட்டாவா, நடுவிலா, கடைசியா? இரண்டு மேகசினில் எது? (அடியில் மார்க்கரால் 1, 2 என்று எழுதிவையுங்க. எழுதாதவரை எந்தக் கோளாறையும் கண்டுபிடிக்க முடியாது.) ஸ்லைடை எப்படி விட்டீங்க, முழுக்க இழுத்து விட்டுவிட்டீங்களா, கையோடு கூட்டிக்கொண்டு போய் மூடினீங்களா?

இன்னொன்று. தினமும் ஏற்றி இறக்கும் அந்த ஒரு தோட்டாவையும், பெட்டியிலிருந்து ஒரு புதுத் தோட்டாவையும் மேசைமேல் பக்கத்தில் நிறுத்தி உயரம் பாருங்க. 20 டாலர் டிஜிட்டல் காலிப்பர் இருந்தால் அளந்து போடுங்க.

பிளேனோ_வாசி:

அளந்தேன். புதுசு 28.4 மி.மீ. தினமும் ஏற்றி இறக்கினது 27.6. ரெண்டு வாரமாக அதே தோட்டாதான் மேலே.

தடங்கலில் 2 வீட்டில், காலையில் முதல் தோட்டா ஏற்றும்போது. சத்தம் வரக்கூடாதென்று ஸ்லைடை மெதுவாகத்தான் விடுவேன். மூன்றாவது ரேஞ்சில், மேகசின் 2, முழுக்க 10 போட்டு, ஒன்று சுட்டபின் அடுத்தது ஏறவில்லை.

கிரெய்ன்_கணக்கு:

அந்த 27.6-ஐ இனி ஏற்றவும் வேண்டாம், சுடவும் வேண்டாம். தனியாக எடுத்துவையுங்க.

நடந்தது இதுதான். ஒவ்வொரு தடவை ஏற்றும்போதும் மூக்கு ரேம்ப்பில் இடிக்கிறது. குண்டைப் பிடித்திருப்பது மருந்து இருக்கும் உறையின் வாய் இறுக்கம் மட்டுமே. திரும்பத் திரும்ப இடி வாங்கினால் குண்டு உறைக்குள்ளே இறங்கும். 9 மி.மீ. உறை ஏற்கெனவே சின்னது. உள்ளே இடம் குறைந்தால் அதே வெடிமருந்து எரியும்போது அழுத்தம் கிடுகிடுவென ஏறும். அமெரிக்கத் தோட்டாத் தரநிலை அமைப்பான சாமியின் கணக்குப்படி 9 மி.மீ.க்கு உச்ச அழுத்தம் 35,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு பவுண்டு), ப்ளஸ்-பிக்கு 38,500. உங்க கையில் இருப்பது ப்ளஸ்-பி, அதாவது மேல் வரம்புக்குப் பக்கத்தில் கிளம்புகிற சரக்கு. அதில் 0.8 மி.மீ. இறக்கம் என்பது விளையாட்டில்லை. என் கணக்கில் 0.25 மி.மீ. குறைந்தாலே ஒதுக்கிவிடணும்.

ஒதுக்கினதைக் குப்பைத்தொட்டியில் போடாதீங்க, இடுக்கியால் பிரிக்கவும் பார்க்காதீங்க. ரேஞ்சில் வெடிக்காத தோட்டாவுக்கென்று ஒரு வாளி இருக்கும், அங்கே கொடுத்துவிடலாம்.

மதுரைவீரன்_ஹூஸ்டன்:

முதல் இரண்டு தடங்கலுக்குத் துப்பாக்கிமேல் பழி போடாதீங்க தம்பி. ஸ்லைடை ஸ்பிரிங் தள்ளணும், உங்க கை தள்ளக்கூடாது. மெதுவாகக் கூட்டிக்கொண்டு போனால் ஸ்பிரிங்கின் வேகம் பாதி போய்விடும். அகல வாய்த் தோட்டா ரேம்ப்பின் ஓரத்தில் நிற்கும். உருண்டை மூக்கு வழுக்கிக்கொண்டு ஏறிவிடும், அதனால்தான் பயிற்சித் தோட்டாவில் இந்தக் குறை தெரியவில்லை. பின்னுக்கு முழுக்க இழுத்து, விட்டுவிடுங்க. சத்தம் வரட்டும்.

சிலர் இடியைத் தவிர்க்க ஒரு தோட்டாவைக் கையால் சேம்பருக்குள் போட்டு ஸ்லைடை மூடுவார்கள். அதுவும் வேண்டாம். இந்த வகைப் பிஸ்டலில் உறையின் விளிம்பு கீழேயிருந்து வழுக்கி, உறையை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்குள் போகணும். முன்னாலிருந்து கொக்கியை மோதவிட்டால் நாளடைவில் அதன் நுனி சிதறும்.

மூன்றாவது தடங்கல் மேகசின் 2. ஸ்பிரிங்கைக் கழற்றி 1-இன் ஸ்பிரிங்கோடு ஒப்பிடுங்க: நீளம், சுருள் எண்ணிக்கை, எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறது. கழுவும்போது தலைகீழாகப் போட்டுவிட்டுக் கோளாறைத் தேடுகிறவர்கள் ஏராளம். உள்ளே எண்ணெய் விடாதீங்க, தூசியைப் பிடித்துப் பசையாகும். மணிக்கட்டைத் தளர்வாகப் பிடித்தாலும் சின்னப் பிஸ்டலில் இதே அறிகுறிதான் வரும். ஆனால் அது மேகசின் பார்த்து வராது.

இறக்கும்போது: முதலில் மேகசின் வெளியே, அப்புறம் ஸ்லைடு, அப்புறம் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்க்கணும். தோட்டாவை எகிறவிடுங்க, தரையில் விழட்டும். வெளியேறும் வாயை உள்ளங்கையால் மூடிப் பிடிக்கிற பழக்கம் ஆபத்து. தோட்டாவின் அடியில் தீப்பற்றும் ப்ரைமர், தோட்டாவை வெளியே தள்ளும் எஜெக்டர் முனையில் இடித்து கைக்குள்ளேயே வெடித்த சம்பவங்கள் உண்டு.

கிரெய்ன்_கணக்கு:

தோட்டாத் தேர்வுக்கு வருவோம். 1986 ஏப்ரல் 11 மயாமி துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு எஃப்.பி.ஐ. வகுத்த சோதனைதான் இன்றும் அளவுகோல். உடம்புத் தசைக்குப் பதிலாக வைக்கும் 10 சதவீத ஜெலட்டின் கட்டியில் குண்டு 12 அங்குலத்துக்குக் குறையாமல், 18-க்கு மிகாமல் போகணும். வெறும் கட்டி, கனத்த உடை, தகடு, சுவர்ப்பலகை, ப்ளைவுட், கார் கண்ணாடி என்று ஆறு விதம். தற்காப்புக்கு நாம் முக்கியமாகப் பார்க்க வேண்டியது முதல் இரண்டும்தான்.

கனத்த உடைதான் பல ஹாலோ பாயிண்ட்டுகளைக் கவிழ்க்கிறது. துணி நூல் குழியில் அடைத்துக்கொண்டால் குண்டு விரியாது, வெறும் உருண்டைக் குண்டு போல ஊடுருவிப் போகும். விரிய வேகமும் வேணும். பெட்டியில் அச்சடித்த வேகம் பெரும்பாலும் 4 அங்குலக் குழலில் எடுத்தது. உங்க 3.1-இல் அது குறையும். அந்தக் குறைந்த வேகத்திலும் விரிகிற வடிவம்தான் உங்களுக்கு வேணும்.

அப்படிப் பார்த்தால்: ஃபெடரல் எச்.எஸ்.டி. 124 கிரெய்ன் சாதா அழுத்தம் (பெட்டிப்படி வினாடிக்கு 1,150 அடி), அதே எச்.எஸ்.டி. 147 (1,000 அடி), ஸ்பியர் கோல்ட் டாட் 124. கோல்ட் டாட்டில் குட்டைக் குழலுக்கென்றே ஒரு 124 ப்ளஸ்-பி இருக்கிறது. ஹார்னடி கிரிட்டிகல் டிஃபென்ஸ் 115-இல் குழியை மென்மையான பாலிமர் முனை அடைத்திருக்கும். துணி அடைக்காது, ரேம்ப்பிலும் நன்றாக ஏறும், ஊடுருவல் மேலே சொன்னவற்றைவிடக் கொஞ்சம் குறைச்சல்.

இவற்றில் எது என்று வாரக்கணக்கில் மண்டையை உடைக்க வேண்டாம். உங்க துப்பாக்கியில் தடங்காமல் ஓடுவது எதுவோ அது.

ப்ளஸ்-பி? 3.1 அங்குலத்தில் வினாடிக்கு ஏதோ 50 அடி கூடக் கிடைக்கும். பதிலுக்கு உதைப்பும் குழல்வாயில் தெரியும் சுடரும் கூடும், இரண்டாவது குண்டு தாமதமாகும். எனக்கு அது நஷ்ட வியாபாரம்.

மதுரைவீரன்_ஹூஸ்டன்:

ப்ளஸ்-பியில் நான் கொஞ்சம் மாறுபடுவேன். 115 லேசான குண்டு என்பதால் வேகத்தை நம்பியிருக்கிறது, குட்டைக் குழல் அந்த வேகத்தைத்தான் தின்கிறது. ஆகவே 115-தான் வேணும் என்றால் ப்ளஸ்-பிக்கு அர்த்தமுண்டு. 124-க்கு மாறினால் கேள்வியே எழாது.

யூடியூபில் கண்ணாடி மாதிரித் தெளிவான கட்டியில் சுடும் வீடியோக்களை அப்படியே நம்பாதீங்க. அது செயற்கைப் பொருள். ஆழத்தைக் கூடுதலாகக் காட்டும். தோட்டாவோடு தோட்டா ஒப்பிட உதவும், 12-18 கணக்குக்கு உதவாது.

ஸ்கார்பரோ_சீலன்:

அண்ணை, ஒரு கேள்வி. குளிர்காலத்தில ஆக்கள் தடிச்ச ஜாக்கெட் போடுவினம். அப்ப சாதாரண முழு உறை ரவையே நல்லதெண்டு சிலர் சொல்லீனமே?

(இஞ்ச கனடாவில இந்தக் கதையே இல்லை. 2022 ஒக்டோபர் 21-இல இருந்து தனியாள் கைத்துவக்கு வாங்கவோ விற்கவோ ஏலாது; தற்காப்புக்கெண்டு இடுப்பில கொண்டு திரியிறதும் நடைமுறையில கிடையாது. அறியத்தான் கேக்கிறன்.)

கிரெய்ன்_கணக்கு:

9 மி.மீ. முழு உறைக் குண்டு ஜெலட்டினில் 24 அங்குலத்துக்கும் மேல் போகும். மனித உடம்பைத் தாண்டி வெளியே வந்தால் அது எங்கே போய் நிற்கும் என்பது உங்க பொறுப்பு. நல்ல ஹாலோ பாயிண்ட் துணியில் அடைபட்டுத் தோற்றாலும் உருண்டைக் குண்டு செய்வதைச் செய்யும். வென்றால் 18-க்குள் நிற்கும். ஆகவே 9 மி.மீ.யில் அந்த வாதம் எடுபடாது. .380-இல் (9 மி.மீ.யைவிடச் சக்தி குறைந்த தோட்டா) மட்டும் நியாயம் உண்டு: விரிந்தால் 12 எட்டாது, எட்டினால் விரிந்திருக்காது, இரண்டும் சேர்ந்து கிடைப்பது அரிது.

ஆறுகுண்டு:

2 அங்குல .38 ரிவால்வர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: பெரும்பாலான ஹாலோ பாயிண்ட் அந்தக் குழலில் விரியத் தடுமாறும். 148 கிரெய்ன் தட்டை மூக்கு வாட்கட்டர் உதைப்பு குறைவு, ஊடுருவல் போதும். ஒரே தொல்லை, தட்டை முகம் சிலிண்டர் ஓட்டையில் சட்டென்று நுழையாது. மறுபடி நிரப்ப நேரமாகும்.

ஜெர்சி_சிட்டி:

சட்டம் பற்றி யாரும் பேசவில்லையே. வாசிப்பவர்களில் பாதிப்பேர் விசாவில் இருப்பீர்கள். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 எதுவானாலும், குடியேற்றமில்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது முக்கியமான விலக்கு. "நண்பனோடு ரேஞ்சுக்குத்தான் போனேன்" என்பது விலக்கில்லை. கிரீன் கார்டுக்கு இந்தத் தடை கிடையாது. கடையில் கைத்துப்பாக்கித் தோட்டா வாங்க 21 வயது ஆகியிருக்கணும்.

நியூ ஜெர்சியில் ஹாலோ பாயிண்ட் வீட்டில் வைக்கலாம், கடையிலிருந்து வீட்டுக்கோ ரேஞ்சுக்கோ கொண்டுபோகலாம். இடுப்பில் வைத்து நடமாடுவதில்தான் சிக்கல். பாலிமர் முனை அடைத்த கிரிட்டிகல் டிஃபென்ஸ் போன்றதை மாநிலப் போலீஸ் ஹாலோ பாயிண்ட்டாகக் கருதுவதில்லை, அதனால் இங்கே பலரும் அதைத்தான் எடுப்பார்கள். டெக்ஸஸில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் 17 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நிரப்பிய துப்பாக்கி எட்டும்படி வைத்தால் அங்கேயும் குற்றம்.

ஊருக்குப் போகும்போது: ரேஞ்சுக்கு எடுத்துப்போன பையை விமானத்துக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். பக்கவாட்டுப் பாக்கெட்டில் மறந்த ஒரே ஒரு தோட்டா சென்னை விமான நிலையத்தில் ஸ்கேனரில் தெரிந்தால் ஆயுதச் சட்டம், 1959 பாயும். தெரியாமல் வந்தது என்பதை நீங்கள் வக்கீல் வைத்துச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், லீவு அதிலேயே தீரும்.

பிளேனோ_வாசி:

எல்லாருக்கும் நன்றி. மேகசின் 2-இல் ஸ்பிரிங் தலைகீழாகத்தான் இருந்தது. நான்தான் கழற்றிக் கழுவினேன். 124 சாதா அழுத்தம் 50 கொண்ட பெட்டி இரண்டு வாங்கி, ஸ்லைடை முழுக்க விட்டு, ஒரு மேகசினுக்கு 50 வீதம் சுட்டேன். தடங்கல் பூஜ்யம்.

பையன் விஷயத்தில் தினமும் இறக்காமல் வேறு வழி உண்டா? இந்தத் தோட்டாவை எத்தனை நாள் வைக்கலாம்?

மதுரைவீரன்_ஹூஸ்டன்:

விரலால் அழுத்தித் திறக்கும் எண் பூட்டுப் பெட்டி வாங்கி, கட்டில் சட்டத்தோடு கம்பி போட்டுக் கட்டுங்க. ராத்திரி துப்பாக்கி இடுப்பு உறையோடு, ட்ரிகர் மூடியபடியே, பெட்டிக்குள். ஏற்றுவதும் இல்லை, இறக்குவதும் இல்லை. அந்த இரண்டு வேலையின்போதும் தற்செயலாகச் சுட்டுவிடும் ஆபத்து உண்டு. மறந்து வைத்தால் பெட்டியும் பயனில்லை, அது உங்க கையில்.

பயிற்சி என்று காலி துப்பாக்கியில் ட்ரிகர் அழுத்துவதாக இருந்தால் தோட்டா அந்த அறையிலேயே இருக்கக்கூடாது.

கிரெய்ன்_கணக்கு:

தவிர்க்க முடியாமல் இறக்கினால், இறக்கின தோட்டாவின் அடியில் மார்க்கரால் ஒரு கோடு. இரண்டு கோடு விழுந்தால் அடுத்த ரேஞ்ச் நாளில் நீளம் அளந்து, சரியாக இருந்தால் சுட்டுத் தீருங்க. மேகசினில் உள்ளதை வருஷம் ஒருமுறை முழுக்கச் சுட்டுவிட்டுப் புதுசு போடலாம். வியர்வையும் துணித் தூசியும் சேர்கிற டெக்ஸஸ் கோடையில் ஆறு மாசத்துக்கு ஒருமுறையே செய்யுங்க.

எண்ணெய்த் துணியால் தோட்டாவைத் துடைக்காதீங்க. துளைத்து ஊறும் எண்ணெய் ப்ரைமருக்குள் இறங்கினால் அது செத்துவிடலாம். நிக்கல் பூச்சு உறை இருப்பதே கறுக்காமல் இருக்கவும், மங்கல் வெளிச்சத்தில் சேம்பரில் பளிச்சென்று தெரியவும்தான்; உலர்ந்த துணி போதும்.

ரேஞ்சில் "க்ளிக்" மட்டும் கேட்டால் குழலை இலக்கை நோக்கியே 30 வினாடி பிடித்திருந்துவிட்டு இறக்கணும். "டப்" என்று மெலிதாகக் கேட்டால் அடுத்ததைச் சுடவே கூடாது: மேகசினை எடுத்து, சேம்பரைக் காலி செய்து, குழலுக்குள் குண்டு சிக்கியிருக்கிறதா என்று வெளிச்சம் விட்டுப் பாருங்க.