ஓல்ட்ஸ்மொபைலை மூட வைத்தது டீசல் என்ஜினாம்!

நட்டுபோல்ட்டு: ஜெனரல் மோட்டார்ஸின் பழைய கார் பிராண்டான ஓல்ட்ஸ்மொபைலைப் பற்றி மிச்சிகன்மாறன் வேறொரு பேச்சுக்கு நடுவில் போகிற போக்கில் எழுதியது இது: "ஓல்ட்ஸ்மொபைல் தன் பெட்ரோல் என்ஜினையே டீசலாக மாற்றி ஜனங்கள் தலையில் கட்டியது, அந்தப் பாவம்தான் கம்பெனியை மூட வைத்தது." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அமெரிக்கர்கள் நாற்பது வருடமாக ஒப்பிக்கிற கதையை நம் ஆட்களும் வாங்கி அப்படியே ஒப்பிக்கிறார்கள். 1978 மாடலில் வந்த அந்த 350 கன அங்குல டீசல் வி8 தனி வார்ப்பு. பெட்ரோல் 350-இல் கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கில் உட்காருகிற இடமான மெயின் ஜர்னல் இரண்டரை அங்குலம், டீசலில் மூன்று அங்குலம். மைக்ரோமீட்டர் வைத்து நானே அளந்திருக்கிறேன். சிலிண்டர்கள் இருக்கிற அடிப்பாகமான பிளாக்கின் மேலேயே டி என்றோ, 1981-இலிருந்து வந்தது என்றால் டிஎக்ஸ் என்றோ வார்ப்பிலேயே எழுத்து இருக்கும். இன்றைக்கும் டிராக் ரேஸ் ஓட்டுகிறவர்கள் அந்த டிஎக்ஸ் பிளாக்கைத் தேடிப் பிடித்து அதில் பெட்ரோல் என்ஜின் கட்டுகிறார்கள், ஏன்? பெட்ரோல் பிளாக்கைவிட அது கெட்டி. பீளமேட்டு பவுண்டரியில் வேலை பார்த்துவிட்டு இந்த ஊருக்கு வந்தவன் நான். வார்ப்பைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

மிச்சிகன்மாறன்: பவுண்டரி கதையை முன்பு நடந்த ஸ்டுடிபேக்கர் கார் விவாதத்திலேயே கேட்டாகிவிட்டது. நான் கேட்கிறது ஒன்றே ஒன்று. அந்த டீசலில் சிலிண்டர்களை மேலே மூடுகிற ஹெட் ஒன்றுக்கு எத்தனை போல்ட்? 10. பெட்ரோல் 350-இல் எத்தனை? அதே 10, அதே இடத்தில். ஏன் அதே இடம்? தொழிற்சாலையில் இருந்த துளை போடும் மெஷின்களை மாற்றாமல் இரண்டு என்ஜினையும் ஒரே லைனில் ஓட்ட வேண்டும், காசு மிச்சம். சிலிண்டருக்குள் அமுக்குகிற விகிதமான கம்ப்ரெஷன் பெட்ரோலில் எட்டுக்கு ஒன்று சுற்றுவட்டாரத்தில், டீசலில் 22.5-க்கு ஒன்று. அந்த அழுத்தத்தில் போல்ட் நீளும், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கிற கேஸ்கெட் விடும், ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும், தண்ணீரை அமுக்க முடியாது, அப்புறம் கனெக்டிங் ராடு வளையும். கூரை வீட்டு அஸ்திவாரத்தில் மாடி கட்டிவிட்டு, செங்கல் புதுசு என்று அளந்து காட்டுகிறார் ஐயா.

நட்டுபோல்ட்டு: அஸ்திவாரம்தான் பிளாக், அதுதான் புதுசு என்கிறேன். போல்ட் நீண்டது ஏன் என்று முழுசாகச் சொல்லுங்கள். எரிபொருள் பாதையில் தண்ணீரைப் பிரிக்கிற செபரேட்டர் வைக்கவில்லை, அது ஜெனரல் மோட்டார்ஸின் கஞ்சத்தனம், அதை நான் மறைக்கவில்லை. அன்றைக்கு பங்க்குகளில் கிடைத்த டீசலில் தண்ணீர் கலந்திருந்தது. இன்ஜெக்ஷன் பம்ப் துருப்பிடித்தது. சிலர் பெட்ரோல் வண்டிக்குப் போடுகிற ஆல்கஹாலை டேங்கில் ஊற்றினார்கள், அது பம்ப்பின் சீல்களைத் தின்றது. பம்ப் கெட்டால் டீசல் தப்பான நேரத்தில் பீய்ச்சும், சிலிண்டருக்குள் அழுத்தம் தாறுமாறாக ஏறும், கேஸ்கெட் போகும். அதைப் பழுது பார்த்தவர்களோ பெட்ரோல் வண்டியைத் தவிர வேறு பார்த்திராதவர்கள். ஏற்கெனவே நீண்ட போல்ட்டையே திரும்பப் போட்டு முறுக்கினார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் வண்டியில் ஒரு மெக்கானிக் அப்படிப் போட்ட போல்ட்டை நான் கழற்றிப் பார்த்தேன், மரைக்குக் கீழே கழுத்து இளைத்துப்போய் இருந்தது, புது போல்ட்டின் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கே தெரிகிற வித்தியாசம். இதில் பிளாக் என்ன பாவம் பண்ணியது? தனி வார்ப்பு. திரும்பவும் சொல்கிறேன், தனி வார்ப்பு.

மிச்சிகன்மாறன்: 10 போல்ட். நானும் திரும்பவும் சொல்கிறேன்.

லான்சிங்_மீனா: இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விட்டால் வண்டியை வைத்திருந்தவள் ஒருத்தி பேசிக்கொள்கிறேன். மிச்சிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டியில் படிக்கும்போது நான் வாங்கியது ஓல்ட்ஸ்மொபைலின் 1994 கட்லஸ் சியரா, மூன்றாவது கையோ நான்காவது கையோ. விற்றவர் மிச்சிகனில் லான்சிங் நகரத்து ஓல்ட்ஸ்மொபைல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். கிளவ் பாக்ஸில் ஒரு சின்ன நோட்டு, அதில் ஒவ்வொரு ஆயில் மாற்றமும் தேதியோடு பென்சிலில் எழுதியிருந்தது. சாவி கொடுக்கும்போது கூடவே அந்த நோட்டையும் கையில் கொடுத்தார். முன்பக்கம் பெஞ்ச் சீட், கியர் ஸ்டீயரிங் பக்கத்திலேயே, அதனால் ஆறு பேர் ஏறுவோம். பான்டியாக் ஊரில் இருக்கிற பராசக்தி கோயிலுக்கு எங்கள் செட்டு முழுக்க அந்த வண்டியில்தான். பனியில் நின்று காலையில் சாவி திருப்பினால் ஒரே திருப்பில் எடுக்கும். 2000 டிசம்பர் 12 அன்று பிராண்டை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது லான்சிங்கில் இருந்தவள் நான். 1897-இல் ரான்சம் ஓல்ட்ஸ் அந்த ஊரில் ஆரம்பித்தது. மொத்தம் மூன்றரைக் கோடி வண்டிக்கு மேல் போட்ட பெயர், அதில் ஒன்றரைக் கோடிக்குக் கொஞ்சம் குறைவாக லான்சிங்கிலேயே. ஊரில் பாதிப் பேருக்கு அப்பாவோ மாமாவோ அங்கே வேலை பார்த்தவர்கள். யாரும் டீசலைப் பற்றிப் பேசவில்லை. சியராவையும் பியூக் செஞ்சுரியையும் பான்டியாக் 6000-ஐயும் செவ்ரொலே செலிப்ரிட்டியையும் பக்கத்தில் நிறுத்தினால் எது எது என்று தெரியாது, நாலும் ஜெனரல் மோட்டார்ஸின் ஒரே அடிச்சட்டம், அப்புறம் இதை எதற்குத் தனியாக வாங்க வேண்டும் என்றுதான் பேசினார்கள்.

நட்டுபோல்ட்டு: மீனா தங்கச்சி சொன்னதைக் குறித்துக்கொள்ளுங்கள் மாறன். இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். டீசல் வந்தது 1978. புகார்கள் குவிந்தது எண்பதுகளின் தொடக்கம். ஓல்ட்ஸ்மொபைல் சரித்திரத்திலேயே அதிகமாக விற்ற வருடம் எது? 1985. பத்து லட்சத்துக்கு மேல், துல்லியமாக 10,66,122. செத்துக்கொண்டிருந்த கம்பெனியா பத்து லட்சம் வண்டி விற்கும்? இதற்கு என்ன பதில்?

மிச்சிகன்மாறன்: பதில் இருக்கிறது. கார் வாங்குகிறவன் மாதாமாதம் வாங்குவதில்லை. 1980-இல் ஓல்ட்ஸ்மொபைலின் டீசல் டெல்டா 88 வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவன் அடுத்த வண்டி வாங்க ஏழெட்டு வருடம் ஆகும், அப்போது அவன் டொயோட்டா கடைக்குப் போனான். எண்பதுகளின் கடைசியில் விற்பனை ஏன் மடமடவென்று சரிந்தது என்று நினைக்கிறீர்கள்? 1988-இல் "இது உங்கள் அப்பாவின் ஓல்ட்ஸ்மொபைல் அல்ல" என்று விளம்பரம் போடுகிற நிலைக்கு ஏன் வந்தார்கள்? அப்பா சுட்டுக்கொண்ட கையைப் பையன் பார்த்திருந்தான். 1983-இல் அமெரிக்க அரசின் வணிக ஆணையமான ஃபெடரல் டிரேட் கமிஷன் இந்த டீசல் பம்ப் புகார்களையும் சேர்த்துத்தான் ஜெனரல் மோட்டார்ஸை நடுவர் முன்னால் உட்கார வைத்தது. பெட்ரோல் என்ஜினை மாற்றி டீசல் பண்ணினால் அதுதான் கதி. 10 போல்ட்.

நட்டுபோல்ட்டு: அந்த 1983 உத்தரவில் டீசல் பம்ப் மட்டுமா இருந்தது? டிரான்ஸ்மிஷனும் இருந்தது, கேம் ஷாஃப்டும் இருந்தது, எல்லாம் பெட்ரோல் வண்டிகளிலும் போட்டது. அதை விட்டுவிட்டு டீசலை மட்டும் பொறுக்கி எடுத்து எழுதுகிறீர்கள். ஸ்டுடிபேக்கர் விவாதத்திலும் இதைத்தான் செய்தீர்கள், வேண்டியதை எடுப்பது, வேண்டாததை விடுவது. நீங்களே எழுதிவிட்டீர்கள் பாருங்கள், பம்ப் என்று. ஹெட் போல்ட் என்று அந்த உத்தரவில் எங்கே இருக்கிறது?

பழையவண்டி_பாண்டி: போல்ட்டு போல்ட்டு என்று உயிரை வாங்குகிறீர்கள் அண்ணே. ஓல்ட்ஸ்மொபைல் என்றாலே டொரொனாடோ கார்தான். 1966-இல் 425 கன அங்குல வி8-ஐ முன்சக்கரத்தை இழுக்க வைத்தான். கார்டு என்ற கார் 1937-இல் போனதற்கு அப்புறம் அமெரிக்காவில் முன்சக்கரம் இழுக்கிற முதல் வண்டியே அதுதான். டார்க் கன்வெர்ட்டரிலிருந்து கியர் பெட்டிக்குச் செயின் போட்டுச் சக்தியைக் கொண்டு போனான், அந்தச் செயின் அறுந்து நான் பார்த்ததே இல்லை. என் வீட்டில் நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுத்தால் தெருவே நின்று பார்க்கும். ஆனால் ஒன்று, கார் தயாரிப்பு என்றால் ஃபோர்டுதான் அப்பன். அசெம்பிளி லைனைக் கண்டுபிடித்தவனே அவன்தானே.

நட்டுபோல்ட்டு: பாண்டி தம்பி, டொரொனாடோ வைத்திருக்கிற ஆள் இப்படி எழுதுவது வருத்தமாக இருக்கிறது. 1901-இலேயே ரான்சம் ஓல்ட்ஸ் வளைந்த முன்பலகை வண்டியை வரிசையாக நிறுத்திப் பாகம் பாகமாகப் பூட்டினார். அந்த வருடம் 425 வண்டி, அடுத்த வருடம் 2,500. விலை 650 டாலர். ஃபோர்டு நகரும் லைனைக் கொண்டுவந்தது 1913-இல், பன்னிரண்டு வருடம் கழித்து. வரிசை ஓல்ட்ஸுடையது, ஃபோர்டு அதை நகர வைத்தார். லான்சிங்கில் பிறந்த காரை ஓட்டிக்கொண்டு ஃபோர்டின் ஊரான டியர்பார்னுக்கு மாலை போடாதீர்கள்.

பழையவண்டி_பாண்டி: நகராத வரிசைக்குப் பெயர் அசெம்பிளி லைனா? ரேஷன் கடையில்கூட வரிசை நிற்கிறது. 1913-தான் கணக்கு. இதில் நான் ஒரு அடி பின்வாங்க மாட்டேன். உங்கள் வீட்டில் எந்த ஓல்ட்ஸ் நிற்கிறது, அதை முதலில் சொல்லுங்கள்.

நட்டுபோல்ட்டு: நிற்கிறது, 1972 கட்லஸ், பிளாக் டிஎக்ஸ். ஆமாம், டீசல் பிளாக். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரத் தாத்தாவும் நானும் சேர்ந்து கட்டினோம், மெயின் ஜர்னல் மூன்று அங்குலம் என்று ஆரம்பத்தில் எழுதினேனே, அது இதில் அளந்ததுதான். ஓட்டும்போது அடிவயிற்றில் அதிர்வதே தனி சுகம். ஒரு துளி எண்ணெய் வெளியே வராது. இதைத்தான் "மாற்றிய பெட்ரோல் என்ஜின்" என்கிறார் மாறன்.

மிச்சிகன்மாறன்: ஆக டீசல் பிளாக்கில் பெட்ரோல் ஹெட்டைக் கொண்டுபோய் அப்படியே மாட்டியிருக்கிறீர்கள். துளைகள் எப்படிப் பொருந்தின? 10-ம் 10-ம் சரியாக உட்கார்ந்ததா? நன்றி ஐயா, என் வாதத்தை நீங்களே உங்கள் ஷெட்டில் நிரூபித்து வைத்திருக்கிறீர்கள்.

நட்டுபோல்ட்டு: துளை பொருந்தினால் பிளாக் ஒன்றாகிவிடுமா? ஹெட் இறங்குகிற மேல்தளத்தைத் தவிர கீழே எல்லாமே வேறு. சுவர் வேறு, பேரிங் வேறு, எடை வேறு. நீங்கள் ஒரு என்ஜினையாவது கையால் கழற்றியிருக்கிறீர்களா? கம்ப்யூட்டரில் அழுத்தம் கணக்குப் போடுகிற வேலைதானே உங்களுடையது?

மிச்சிகன்மாறன்: கேஸ்கெட் விட்டது அந்த மேல்தளத்தில்தான்! வேலையைப் பற்றிப் பேச வேண்டாம். கணக்குப் போடுகிறவன் அன்றைக்கு ஒருவன் இருந்து அவன் பேச்சை நிர்வாகம் கேட்டிருந்தால் இவ்வளவு பேர் அழுதிருக்க மாட்டார்கள். ஒரு சிலிண்டரைச் சுற்றி நாலு போல்ட், அதிலும் நடுவில் இருப்பதெல்லாம் பக்கத்துச் சிலிண்டரோடு பங்கு. டீசலுக்கு அது போதாது என்று தெரிய பவுண்டரி வேண்டாம்.

அரோரா_நேசன்: இவ்வளவு பேசுகிறீர்கள், ஓல்ட்ஸ்மொபைலின் 1995 அரோராவைப் பற்றி ஒருவர் வாயிலும் வரவில்லையே. நான்கு லிட்டர் வி8, 250 குதிரைசக்தி. வண்டியின் வெளியே எங்கேயும் ஓல்ட்ஸ்மொபைல் என்ற பெயரே கிடையாது. தன் பெயரைத் தானே மறைத்துக்கொண்ட கம்பெனி அதுக்கு முன்னாலேயே போய்விட்டது என்று அர்த்தம். இன்றைக்கும் என்னுடையது ஓடுகிறது, நெடுஞ்சாலையில் கதவை மூடிவிட்டால் காற்றுச் சத்தம் கேட்காது, அவ்வளவு இறுக்கமான உடம்பு. அவ்வளவு நல்ல வண்டியைச் செய்துவிட்டு அதில் பெயர் போடக் கூசியிருக்கிறார்கள், அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

லான்சிங்_மீனா: அரோரா_நேசன் சொல்வதைத்தான் நானும் சொன்னேன், ஒரே மாதிரி வண்டிகளும் அடையாளம் போனதும். ஆனால் இங்கே போல்ட் எண்ணாதவர்களுக்கு மதிப்பில்லை போலிருக்கிறது. 2004 ஏப்ரல் 29 அன்று கடைசி ஓல்ட்ஸ்மொபைலான அலேரோ லான்சிங் லைனில் இருந்து இறங்கியபோது அதைச் செய்த தொழிலாளர்கள் அதன் மேல் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களைப் பற்றி எழுத இங்கே ஒருவருக்கும் ஒரு வரி இல்லை.

நட்டுபோல்ட்டு: தங்கச்சி, உங்களை மதிக்காமல் இல்லை. அடையாளம் போனது என்று நீங்கள் சொல்வது 1977-லேயே ஆரம்பித்தது. டெல்டா 88 வாங்கியவர்கள் பானெட்டைத் திறந்தால் உள்ளே செவ்ரொலே 350. ஓல்ட்ஸின் சொந்த என்ஜினான ராக்கெட் வி8-க்காகவே காசு கொடுத்த ஜனம், 1949-இலிருந்து அந்தப் பெயருக்காக வாங்கிய ஜனம். இல்லினாய்ஸ் மாநில அட்டர்னி ஜெனரல் வழக்குப் போட்டார், ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கியவர்களுக்கு நஷ்ட ஈடு கொடுத்தது. நம்பிக்கை உடைந்தது அங்கே, டீசல் வருவதற்கு முந்தின வருடம். மாறன் இதைப் பற்றி ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை?

மிச்சிகன்மாறன்: பேசுகிறேன். செவ்ரொலே 350 நல்ல என்ஜின், அது ஓடியது. வாங்கியவன் பெயருக்காகக் கோபப்பட்டான், நடுரோட்டில் நின்று கோபப்படவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

பழையவண்டி_பாண்டி: செவ்ரொலே 350 ராக்கெட்டுக்கு இணையா? மாறன் சார், இதுவரை உங்கள் பக்கம் இருந்தேன், இனி இல்லை. ஆயில் ஃபில்ட்டர்கூட மாறும், ஃபேன் பெல்ட் மாறும். ஓல்ட்ஸ் வி8-இல் எண்ணெய் ஊற்றுகிற குழாய் முன்னாலேயே நிற்கும், பானெட்டைத் திறந்த உடனே கண்ணில் படும். அதையே பார்க்காமல் பேசுகிறீர்களே.

மிச்சிகன்மாறன்: இணை என்று எங்கே எழுதினேன்? "ஓடியது" என்று எழுதினேன். படித்துவிட்டு எழுதுங்கள்.

நட்டுபோல்ட்டு: "நல்ல என்ஜின்" என்று எழுதினீர்கள், மேலே அப்படியே இருக்கிறது, அழித்துவிடாதீர்கள். பாண்டி தம்பி, அசெம்பிளி லைன் கணக்கு நமக்குள் அப்படியே பாக்கி நிற்கிறது, அதற்கு இன்னொரு நாள் வருகிறேன். மாறன், நாளைக்கு டிஎக்ஸ் பிளாக்கையும் சாதா 350 பிளாக்கையும் பக்கத்தில் வைத்துப் படம் போடுகிறேன், மெயின் பேரிங் பக்கத்தைப் பாருங்கள்.

மிச்சிகன்மாறன்: போடுங்கள். மேல்தளத்தையும் சேர்த்துப் படம் எடுங்கள், துளைகளை நான் எண்ணிக்கொள்கிறேன்.