ஞானப்பல் ஆபரேஷன்: ஜெர்மனியிலேயே செய்துகொள்வதா, ஊருக்குப் போய்ச் செய்வதா?

தயிர்சாதப்பிரியை (கார்ல்ஸ்ரூ) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வேலைக்காக ஜெர்மனி வந்தேன். சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன, இன்னும் புரொபேஷன் முடியவில்லை. வலது கீழ்த்தாடையில் ஒரு ஞானப்பல் குறுக்கே படுத்துக்கொண்டு முன்னால் இருக்கும் கடைவாய்ப்பல்லை முட்டுகிறது. பாதி வெளியே, பாதி ஈறுக்குள். அந்த ஈறு மடிப்புக்குள் ஒரு பருக்கை போய் உட்கார்ந்தால் போதும், கன்னம் வீங்கி வாயே திறக்காது. கோடையில் வந்தது, போன மாதம் மறுபடி வந்துவிட்டது. மீட்டிங்கில் பேச முடியாமல் சாட்டில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

வழக்கமான பல் டாக்டர் முழுத் தாடைக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "இதை நான் தொடமாட்டேன், சர்ஜனிடம் போங்கள்" என்று உபர்வைசுங் (பரிந்துரைச் சீட்டு) எழுதிக் கொடுத்தார். சர்ஜன் கிளினிக்கில் கவுண்ட்டரில் இருந்த பெண் சில பக்கங்களை நீட்டி, கடகடவென்று ஜெர்மனில் ஏதோ சொல்லி, கையெழுத்துப் போடும் இடத்தைப் பேனாவால் தட்டிக் காட்டினார். கீழுதடு மரத்துப்போகலாம், நாக்கில் சுவை போகலாம், தாடை உடையலாம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. கூடவே தனியாக ஒரு தாள்: முப்பரிமாண ஸ்கேன், மயக்க மருந்து, இரண்டுக்கும் நானே பணம் கட்டவேண்டுமாம். கையெழுத்துப் போடாமல் எல்லாவற்றையும் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். டாக்டரை இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

அம்மாவுக்கு போனில் சொன்னேன். "எதுக்குடி அங்கெல்லாம்? பொங்கலுக்கு வர்றல்ல, தில்லைநகர்ல நம்ம டாக்டர் அரை மணி நேரத்துல எடுத்துடுவார்" என்கிறார். ஜனவரியில் திருச்சி போக டிக்கெட்டும் போட்டாயிற்று. காத்திருக்கலாமா? எனக்குப் பொது மருத்துவக் காப்பீடுதான். ஆபரேஷன் செலவை அது ஏற்குமா? புரொபேஷனில் இருக்கும்போது பல்லுக்காக சிக் லீவ் எடுத்தால் வேலைக்கு ஆபத்து வருமா? இதுபோல எடுத்துக்கொண்டவர்கள் சொல்லுங்கள். பயமாகத்தான் இருக்கிறது.

---

நெக்கார்கரை (ஹைடல்பர்க்) பதில்:

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம், மீதி பயம் பாதி குறையும். மருத்துவக் காரணத்துக்காக ஞானப்பல்லை எடுத்தால் பொதுக் காப்பீடு அதை ஏற்கும். ஊசி போட்டு மரக்கவைப்பது, தையல், தையல் பிரிப்பது, நீங்கள் ஏற்கெனவே எடுத்த அந்த முழுத்தாடை எக்ஸ்ரே, எல்லாமே கார்டைக் காட்டினால் முடிந்தது. மருந்துச் சீட்டுக்கு மட்டும் பார்மஸியில் 5 முதல் 10 யூரோ வரை நம் பங்கு. இம்ப்ளான்ட், கிரவுன் மாதிரி விஷயங்களில்தான் இந்த ஊர் காப்பீடு கையை விரிக்கும். அங்கே 60 சதவீதம் என்பார்கள், அதுவும் அவர்கள் வகுத்த அடிப்படைச் சிகிச்சையின் விலையில் 60. அதை வேறொரு நாள் பேசலாம், பேசினால் எனக்குக் கோபம் வரும்.

அந்தத் தனித்தாள் சமாச்சாரம்: முப்பரிமாண ஸ்கேனைப் பொதுக் காப்பீடு தருவதில்லை, அது உண்மை. முழு மயக்கம் தேவை என்பதற்கு மருத்துவக் காரணம் இருந்தால் தருவார்கள். சின்னக் குழந்தைகள், மரக்கும் ஊசி ஒவ்வாதவர்கள், நோய் என்று சொல்லும் அளவுக்குப் பல் பயம் உள்ளவர்கள், இப்படி. "எனக்குப் பயமாக இருக்கிறது" என்பது மட்டும் போதாது. நீங்களாகக் கேட்டால் சில நூறு யூரோ ஆகும். காப்பீடு தராத எதற்கும் செலவு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுத்தில் தரவேண்டியது அவர்கள் பொறுப்பு. ஆக அந்தத் தாளைக் கொடுத்தது தப்பில்லை. கவுண்ட்டரில் வைத்து உடனே கையெழுத்துக் கேட்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஏனென்றால், 2013இல் நோயாளிகள் உரிமைச் சட்டம் வந்ததிலிருந்து இங்கே சிவில் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்: ஆபத்துகளை மருத்துவர் தரப்பில் தகுதி உள்ள ஒருவர் வாயால் விளக்க வேண்டும், உங்களுக்குப் புரியும்படி விளக்க வேண்டும், யோசித்து முடிவெடுக்க நேரம் இருக்கும்படி விளக்க வேண்டும். தாள் என்பது அந்தப் பேச்சுக்குத் துணை, அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டால் அதன் நகலும் உங்கள் கைக்கு வரவேண்டும். எனவே கிளினிக்குக்குப் போன் போட்டு, "ஆபரேஷன் நாளுக்கு முன்னால் டாக்டரோடு பேச அப்பாயின்ட்மென்ட் வேண்டும்" என்று கேளுங்கள். யாரும் வித்தியாசமாகப் பார்க்கமாட்டார்கள்.

புரொபேஷன் விஷயத்தில் பூசி மெழுக விரும்பவில்லை. வேலையில் சேர்ந்து நான்கு வாரம் தாண்டியிருந்தால் சிக் லீவில் முழுச் சம்பளம் உண்டு, ஆறு வாரம் வரைக்கும். சிக் லீவ் சீட்டைப் பல் மருத்துவரே தரலாம். அது நேராகக் காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்வழியில் போய்விடும், 2023 முதல் கம்பெனி அங்கிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. அதில் என்ன நோய் என்று கம்பெனிக்குத் தெரியாது. ஆனால் முதல் ஆறு மாதத்தில் வேலையை விட்டு நிறுத்த அவர்களுக்குக் காரணமே தேவையில்லை என்பதும் சட்டம்தான். பல்லுக்காக ஒருவரை அனுப்பியதை நான் பார்த்ததில்லை. என் டீமில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் வியாழக்கிழமை எடுத்துக்கொண்டு திங்களன்று வீங்கிய கன்னத்தோடு வந்தான். மேனேஜர் சூப் ரெசிபி அனுப்பினார். வியாழன் அல்லது வெள்ளி கிடைக்கிறதா என்று பாருங்கள்.

---

ஈறுக்கதை பதில்:

நான் சென்னையில் பல் மருத்துவம் படித்தவள். ஜெர்மனியில் இன்னும் முழு உரிமம் வரவில்லை, அந்தத் தேர்வுக்குத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் இதைச் சிகிச்சை ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாமல், டாக்டரிடம் என்ன கேட்பது என்பதற்காக மட்டும் படியுங்கள் தங்கச்சி.

கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு கால்வாய் ஓடுகிறது. கீழுதடுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு அதற்குள் போகிறது. கீழ் ஞானப்பல்லின் வேர் அந்தக் கால்வாயை எவ்வளவு நெருங்கி இருக்கிறது என்பதுதான் முழு விஷயமும். சாதாரண எக்ஸ்ரே தட்டையான படம், அதில் வேரும் கால்வாயும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தெரிந்தால் நிஜத்தில் தொட்டுக்கொண்டிருக்கிறதா, பக்கத்தில் விலகி இருக்கிறதா என்று சொல்ல முடியாது. அப்போதுதான் முப்பரிமாண ஸ்கேனுக்கு அர்த்தம். வேர் தெளிவாக எட்ட இருந்தால் அந்தப் பணம் வீண். எனவே "ஸ்கேன் வேண்டுமா" என்று கேட்காதீர்கள், எல்லோரும் வேண்டும் என்றுதான் சொல்வார்கள். "என் எக்ஸ்ரேயில் எதைப் பார்த்து ஸ்கேன் கேட்கிறீர்கள், காட்டுங்கள்" என்று கேளுங்கள். "ஸ்கேனைப் பார்த்தபின் நீங்கள் வேறு விதமாகச் செய்யப்போவது என்ன" என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். வேர் நரம்பைக் கட்டிக்கொண்டிருந்தால் சில சமயம் பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வேரை அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. அது எல்லோருக்கும் பொருந்தாது, ஆனால் கேட்டுவைப்பதில் தப்பில்லை.

உதடு மரப்பது பெரும்பாலும் தற்காலிகம். வாரங்களில், சிலருக்கு மாதங்களில் திரும்பிவிடும். நிரந்தரமாக நிற்பது அரிது, ஆனாலும் இல்லை என்று சொல்ல முடியாது. அதனால்தான் தாளில் எழுதுகிறார்கள்.

திருச்சிக்குப் போவது பற்றி. அங்கே எடுப்பவர்களின் கை இங்கே இருப்பவர்களின் கைக்குச் சளைத்ததல்ல. நாங்கள் படிக்கும்போது பார்த்த பல்லின் எண்ணிக்கையை இங்குள்ள மாணவர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். பிரச்சினை காலண்டர்தான். பல் எடுத்த குழியில் உறையும் ரத்தக்கட்டு கலைந்துவிட்டால், பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில், காதுவரை இழுக்கும் ஒரு வலி வரும். மாத்திரைக்கு அது சரியாக அடங்காது. எடுத்தவரிடம் போனால் கழுவி, மருந்துத் துணி வைத்துவிடுவார், அன்றே பாதி குறையும். தையல் பிரிக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும். எனவே ஊரில் செய்வதென்றால் போய் இறங்கிய கையோடு செய்து, குறைந்தது இரண்டு வாரம் அங்கேயே இருக்க வேண்டும். திரும்பும் விமானத்துக்கு முந்தின நாள் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். அதைவிட முக்கியம், ஜனவரிக்கு முன்னால் அந்த ஈறு மறுபடி வீங்கினால்? வீக்கம் கழுத்துப் பக்கம் இறங்கினாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

---

குழிப்பணியாரம் பதில்:

நான் மாற்றுக்கட்சி. முப்பது வயது தாண்டி மாஸ்டர்ஸ் படிக்க வந்தவன், பொதுக் காப்பீட்டில் மாணவர் கட்டணத்தில் சேர முடியவில்லை. கையில் இருந்தது மலிவான தனியார் காப்பீடு, அதில் பல் என்றால் அவசர வலிக்கு மட்டும்தான். செமஸ்டர் லீவில் கோயம்புத்தூர் போய் எடுத்துக்கொண்டேன். விடுமுறை நீளமாக இருந்தது, அம்மா கஞ்சி கொடுத்தார், ஒரு குறையும் இல்லை. என் நிலைமையில் இருப்பவர்கள் ஊருக்குப் போவதுதான் சரி. ஆனால் பொதுக் காப்பீடு இருந்தும் போகிறேன் என்றால், மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிற காசை யாருக்குக் கட்டுகிறீர்கள்?

---

ஹம் அக்கா பதில்:

பிள்ளை, நான் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து இஞ்ச கனகாலம். ஹம் நகரத்து அம்மன் கோயிலுக்குக் கிட்டத்தான் வீடு. மற்றவர்கள் காசும் சட்டமும் சொல்லிப்போட்டினம், நான் பாஷையைப் பற்றி மட்டும் சொல்லுறன்.

டொக்டர் கதைக்கிறது உங்களுக்கு விளங்கவில்லை என்று அவருக்குப் பட்டால் ஒப்பரேசனைத் தள்ளிப் போடுவார். அது அவருக்குச் சட்டப் பிரச்சினை. மொழிபெயர்க்கிற ஆளுக்குக் காப்பீடு காசு தராது, நீங்கள்தான் ஆளைக் கூட்டிக்கொண்டு போக வேணும். அந்தக் காலத்தில் எங்கட சனம் பள்ளிக்கூடம் போற பிள்ளைகளைத்தான் கூட்டிக்கொண்டு போறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை தாயின்ர கர்ப்பப்பை ஒப்பரேசனை விளங்கப்படுத்தின கதையெல்லாம் இருக்கு. அதைச் செய்யாதேங்கோ, வேலையிடத்தில் நம்பிக்கையான ஒரு சிநேகிதியைக் கூப்பிடுங்கோ. உங்களுக்கு ஆங்கிலம் வரும் என்றால் போன் செய்யும்போதே "டொக்டர் ஆங்கிலத்தில் கதைப்பாரா" என்று கேளுங்கோ. கவுண்டரில் இருக்கிற பிள்ளைக்கு வராவிட்டாலும் டொக்டருக்குப் பெரும்பாலும் வரும்.

பெனிசிலின் ஒத்துவராதா, இரத்தம் மெல்லிசாக்கிற குளிசை எடுக்கிறீங்களா, கர்ப்பமா, இது மூன்றையும் ஒரு கடதாசியில் ஜெர்மனில் எழுதிக்கொண்டு போங்கோ. பதற்றத்தில் வாயில் வராது. ஊரில் இருந்து கொண்டுவந்த குளிசைகளின் பெட்டியையும் கொண்டுபோய்க் காட்டுங்கோ. தலையிடிக்கு அஸ்பிரின் போடுற பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கோ, இரத்தம் லேசில் நிற்காது.

---

தயிர்சாதப்பிரியை:

எல்லோருக்கும் நன்றி. ஹம் அக்கா சொன்னபடி போனில் கேட்டேன், டாக்டர் நன்றாக ஆங்கிலம் பேசுகிறார். தனி அப்பாயின்ட்மென்ட் கிடைத்து, நேற்றுப் போய்வந்தேன். ஈறுக்கதை அக்கா, நீங்கள் எழுதிய கேள்வியை அப்படியே கேட்டேன். அவர் திரையைத் திருப்பி, வேர் நுனி கால்வாய்க் கோட்டைத் தாண்டும் இடத்தில் கோடு மங்கி மறைவதைக் காட்டினார். "இது இல்லையென்றால் ஸ்கேன் கேட்டிருக்கமாட்டேன்" என்றார். சரி என்று ஸ்கேனுக்கு மட்டும் கையெழுத்துப் போட்டேன், இருநூறு யூரோவுக்குள். மயக்க மருந்து வேண்டாம் என்றதும், "நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன், அந்தத் தாளை எல்லோருக்கும் கொடுக்கிறார்கள்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்கேனில் வேருக்கும் நரம்புக்கும் நடுவில் மெல்லிய எலும்பு இருக்கிறதாம். முழுப் பல்லையும் துண்டாக்கி எடுத்துவிடலாம் என்கிறார். வரும் வெள்ளிக்கிழமைக்கு நாள் குறித்தாயிற்று, திருச்சிக்குப் போவதற்குள் தையலும் பிரித்துவிடுவார்கள்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஒரே ஒரு சந்தேகம். அவர்கள் கொடுத்த தாளில் சில நாளைக்குப் பால் பொருள் எதுவும் கூடாது என்று போட்டிருக்கிறது. காபி வேண்டாம், டீ வேண்டாம், சரி. ஆனால் தயிர் சாதமும் கூடாதா? என் பெயரைப் பாருங்கள்.

---

ஈறுக்கதை:

ஜெர்மனியில் பல கிளினிக்குகளில் இதைச் சொல்வார்கள். நான் படித்த பாடத்தில் இப்படி ஒரு தடை இல்லை. இதற்கு வலுவான ஆதாரத்தையும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் எடுப்பவர் அவர், அவர் சொல்வதைக் கேட்டுவிடுங்கள், சில நாள்தானே. மிளகாய் போடாமல், ஆறவைத்த பருப்புத்தண்ணி சாதத்தைக் குழைத்துச் சாப்பிடுங்கள். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதீர்கள், முதல் நாள் வாயைக் கொப்பளிக்கவோ எச்சிலை வேகமாகத் துப்பவோ கூடாது, ரத்தக்கட்டு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கன்னத்துக்கு வெளியே துணியில் சுற்றிய ஐஸை விட்டு விட்டு வையுங்கள். வலி மாத்திரையை மரப்பு முழுக்கப் போவதற்கு முன்பே போட்டுக்கொள்ளலாமா என்று வெள்ளிக்கிழமை கேளுங்கள். மூன்றாம் நாள் வலி குறையாமல் ஏறினால் திங்கள்கிழமை காலையில் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள்.

---

நெக்கார்கரை:

ஒன்றை விட்டுவிட்டேன். எக்ஸ்ரேயையும் ஸ்கேனையும் நகல் கேட்டு வாங்கிவைத்துக்கொள்ளுங்கள், ஊர் டாக்டருக்கும் காட்டலாம். காசு கேட்டால் கொடுக்காதீர்கள். 2023 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் முதல் நகல் இலவசம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்த வழக்கைப் போட்டதும் ஜெர்மனியில் ஒரு பல் மருத்துவரிடம் போன நோயாளிதான்.