நாலு வீல் வாகனம் இந்த விலைக்கு வாங்கலாமா? திருகோணமலை ஆக்கள் கண்டதைச் சொல்லுங்கோ

உவர்மலையான்

2025 நவம்பர் கடைசி. டித்வா புயல் அடிச்சு மாவிலாறு கட்டு உடைஞ்ச நேரம். கிளிவெட்டிக்கு அங்கால சொந்தக்காரரைப் பார்க்கப் போய் இடையில நிண்டுட்டம். றோட்டுக்கு மேல முழங்காலளவு தண்ணி. எங்களுக்கு முன்னால ஒரு புது நாலு வீல் வாகனம். எஞ்சினுக்குக் காத்தை மேலால எடுக்கிற ஸ்னோர்க்கல் குழாய் வைச்சது, மட் டயர் போட்டது, கூரையில லைற் வரிசை. பக்கத்தில ஒரு பிள்ளைத்தாச்சிப் பெண், மாமியாரோட, ஒரு குடைக்குள்ள. "தம்பி, எங்களை அங்கால கொண்டுபோய் விடுவீங்களோ?" எண்டு மாமியார் கேட்டா. அந்தப் பெடியன் தண்ணியைப் பார்த்தான், வாகனத்தைப் பார்த்தான். "அம்மா, இன்னும் லீசிங் கட்டி முடியேல்ல. இதுக்குள்ள தண்ணி பூந்தா என்ர வீடே போயிடும்" எண்டான். குரல் நடுங்கினது. கெட்ட பெடியன் இல்லை. பிறகு பெட்டி பூட்டின உழவு மெசின் ஒண்டு வந்து அவையை ஏத்திக்கொண்டு போனது.

அவன்ர முகம் எனக்கு இன்னும் மறக்கேல்ல. தண்ணிக்கும் சேத்துக்குமெண்டு செய்த வாகனம், விலை ஏறி ஏறி, தண்ணியில இறக்கப் பயப்படுற வாகனமாப் போச்சு. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினாங்கள். 2022இல டொலர் 200 ரூபாயில இருந்து 360க்குப் போனது. 2025 பெப்ரவரியில திறந்துவிட்டாப் பிறகு சுங்கத் தீர்வை, அதுக்கு மேல மிகைவரி, சிசி பார்த்து உற்பத்தி வரி, 18 வீதம் வற். இவ்வளவையும் கட்டி எடுத்தவன் அதைச் சேத்துக்குள்ள விடுவானா? நானும் ஒண்டு எடுக்கத்தான் யோசிக்கிறன். பாவிச்ச ஆக்கள் சொல்லுங்கோ.

கிண்ணியா அரிசிக்கடை

என்ட ஜீப்பை 2021இல வித்தேன். இறக்குமதி இல்லாத காலம், வாங்கின விலையை விடக் கூடத்தான் போச்சு. காசு விசயத்தில எனக்குக் குறை இல்லை. வாங்க வந்தவர் கொழும்பு ஆள். பெயின்ட் பார்த்தார், மீட்டர் பார்த்தார், சீட்டைத் தடவிப் பார்த்தார். கியருக்குப் பக்கத்தில இருக்கிற சின்ன லீவரைக் காட்டி, "இது என்ன நானா?" எண்டார். நாலு வீலும் இழுக்கிற லீவர், மெதுவா, ஆனா பலமா இழுக்கிற கீழ் கியரும் அதிலதான் எண்டு விளங்கப்படுத்தினேன். "அதைத் தொடாமலே ஓடலாம்தானே?" எண்டு கேட்டார். அந்த லீவரைப் போட்டுத்தான் மழைக்காலம் முழுக்க வயலடியில இருந்து நெல் மூட்டை ஏத்தி வந்தேன். காசை எண்ணி வாங்கின கையோட எனக்கு மனசு விட்டுப் போச்சு.

உவர்மலைத் தம்பி, இன்னொண்டும் சொல்லணும். 2021 நவம்பரில குறிஞ்சாக்கேணியில பாலம் இல்லாம, மிதப்புப் பாதை கவிழ்ந்து பள்ளிக்குப் போன பிள்ளைகள் மௌத்தானாங்க. களப்பைக் கடக்க எந்த ஜீப்பாலும் ஏலாது. 2009இல கிண்ணியாப் பாலம் திறந்த நாள் தொட்டு நாங்க சின்னக் காரிலேயே டவுனுக்குப் போய் வாறம். நல்ல பாலமும் றோட்டும் இருந்தா இவ்வளவு காசை ஏன் வாகனத்தில போடணும்? அதைக் கேளுங்க முதல்ல.

கந்தளாய் ரோட் கராஜ்

நானா, பாலம் வரட்டும். அதுவரைக்கும் வயலுக்கும் காட்டோரத்துக்கும் போறவன் என்ன செய்யிறது?

அந்தப் பெடியன் இறங்காம நிண்டது சரி. அதே கிழமை என்ர கராஜுக்கு ஒரு டபுள் கெப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தவை. தண்ணிக்குள்ள வேகமா விட்டு, காத்து எடுக்கிற குழாயால தண்ணி குடிச்சு, எஞ்சினுக்குள்ள பிஸ்டனைப் பிடிக்கிற கொனெக்டிங் ரொட் வளைஞ்சிட்டுது. ஹெட்டைக் கழட்டினாப் பிறகு, சொந்தக்காரர் ஒரு மூலையில குந்தியிருந்து ஒண்டும் கதைக்கேல்ல.

ஆனபடியா எல்லாரும் கேளுங்கோ. ஓடுற தண்ணி ரெண்டடி இருந்தாப் போதும், பெரிய ஜீப்பையே தள்ளிக்கொண்டு போகும். நிக்கிற தண்ணியெண்டா முதல்ல ஒராள் தடியோட நடந்து பார்க்கவேணும், மதகு உடைஞ்சிருக்கோ எண்டு. கொம்பனி சொல்லுற ஆழம் ஒண்டு இருக்கு. டொயோட்டா ஹைலக்ஸுக்கு 700 மில்லிமீற்றர், லாண்ட் ரோவர் புது டிஃபென்டருக்கு 900. அதுவும் மெதுவாப் போனாத்தான். கீழ் கியரில போட்டு, ஒரே அளவா அக்சிலேற்றரை மிதிச்சு, முன்னால ஒரு சின்ன அலை போற மாதிரிப் போகவேணும். நடுவில நிண்டுபோனா திருப்பி ஸ்டார்ட் பண்ணாதேங்கோ, அதிலயும் ரொட் வளையும். வெளிய வந்தாப் பிறகு, அச்சு நடுவில வீலுகளுக்கு இழுவையைப் பிரிக்கிற டிஃபரென்ஷியல் (டிஃப்) ஒயிலைப் பாருங்கோ. பால் நிறமா வந்தா உடன மாத்துங்கோ. ஸ்னோர்க்கல் காத்தை மட்டுந்தான் மேலால எடுக்கும். டிஃப், கியர்பொக்ஸ் ரெண்டும் மூச்சு விடுற பிறீதர் குழாயளை உயர்த்திக் கட்டாட்டி அதுகளுக்குள்ள தண்ணி போகும். இதை விக்கிறவன் சொல்லமாட்டான். காய்ஞ்ச தார் றோட்டில நாலு வீலைப் போட்டு ஓடுறதையும் விடுங்கோ. தேவைக்கு மட்டும் நாலு வீலைப் போடுற பார்ட் டைம் சிஸ்டம் எண்டா, முன் பின் அச்சுக்கு இழுவையைப் பிரிக்கிற ட்ரான்ஸ்பர் கேஸ் இறுகி உடையும்.

இதைப் பழகாம வாங்கினா எந்த விலைக்கும் பெறுமதி இல்லை. பழகினா பழைய மிற்சுபிசி 4டிஆர்5 டீசல் எஞ்சின் ஜீப்பே காணும்.

ஈச்சிலம்பற்று மருத்துவமாது

கராஜ் அண்ணா சொன்ன மாதிரியான பழைய ஜீப் ஒண்டுதான் என்ர கதையும். மாரி மழை, இரவு. வெருகல் பக்கம் உள் கிராமத்தில ஒரு தாய்க்கு வலி வந்திட்டுது. அம்புலன்ஸ் தார் றோட்டு முடியிற இடத்தில நிண்டுட்டுது. ஊர் ஐயா ஒருத்தர் தன்ர ஜீப்பைக் கொண்டு வந்தார். சேறு தொடங்கின இடத்தில நிப்பாட்டி, மழைக்குள்ள இறங்கி, முன் வீலும் இழுக்கிறதுக்கு, வீல் நடுவில இருக்கிற பூட்டைக் கையால திருப்பினார். ஒரு பக்கம், பிறகு மற்றப் பக்கம். நான் டோர்ச் பிடிச்சனான். கை நடுங்க நடுங்க, அவசரமே இல்லாமல் திருப்பினார். பிள்ளை ஆஸ்பத்திரியில பிறந்தது. சுகம்.

அதால "தேவையில்லை" எண்டு டவுனில இருந்து சொல்லுறவையோட எனக்குச் சம்மதம் இல்லை. நானா, நீங்க பாலத்துக்குக் கிட்ட இருக்கிறீங்க. எங்கட பக்கம் வந்து ஒரு மாரிக்கு இருந்து பாருங்கோ. ஆனா அந்த ஐயாவால இண்டைக்கு ஒண்டு வாங்கேலாது. வாங்கக் கூடியவை டவுனில இருக்கினம். அதுதான் எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு. விலை ஏற ஏற, வாகனம் சேறு இருக்கிற இடத்தை விட்டுத் தூரப் போகுது.

குச்சவெளிக் கரை

கடலுப்பைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்ல. என்ர மச்சான் புதுசா எடுத்த வாகனத்தை இறக்கக்கண்டிக் கரையில டயர் காத்தைக் குறைக்காம விட்டான், அச்சு வரைக்கும் மணலுக்குள்ள புதைஞ்சிட்டுது. கடைசியில கரைவலை இழுக்கிற மெசின்தான் இழுத்து எடுத்தது. அதோட போகட்டும், சேசிஸைக் கழுவாமல் விட்டதால கீழ எல்லாம் துருப் பிடிச்சுப் பொருக்குப் பொருக்கா விழுது. மேல பார்த்தா ஷோரூம் மாதிரி.

2022ஐயும் மறக்காதேங்கோ. டீசல் லீற்றர் 460 ரூபா, கியூஆர் பங்கீட்டில கிழமைக்கு 20 லீற்றர். பெரிய எஞ்சின் வைச்சிருந்தவை எல்லாம் வாசலில நிப்பாட்டி வைச்சவை.

உவர்மலையான்

எல்லாருக்கும் நன்றி. மருத்துவமாது அக்கா எழுதினதைத் திருப்பித் திருப்பி வாசிச்சன். எனக்குத் திரியாய்ப் பக்கம் வயல் இருக்கு, மாரியில வரம்பு வரைக்கும் போகத்தான் வேணும். புதுசு வேண்டாம் எண்டு முடிவெடுத்திட்டன். சுசுகி ஜிம்னி 1462 சிசி, பாரம் குறைவு, ஏணி மாதிரி லேடர் சேசிஸ், கீழ் கியரும் இருக்கு, எனக்கு விருப்பம்தான். ஆனா 2025 ஜனவரி கடைசியில ஜப்பானிலேயே ஐஞ்சு கதவு ஜிம்னிக்கு நாலு நாளில 50,000 ஓடர் விழுந்து புக்கிங்கை நிப்பாட்டினவங்கள். அந்த விலை எங்க இறங்கப் போகுது? கராஜ் அண்ணை, நிலாவெளியில ஒரு 4டிஆர்5 விக்க நிக்குது. என்னத்தைப் பார்க்க வேணும்?

கந்தளாய் ரோட் கராஜ்

நிலாவெளியெண்டா எஞ்சினுக்கு முதல் சேசிஸ். பின் ஸ்பிரிங் பூட்டுற இடத்தைச் சின்னச் சுத்தியலால தட்டுங்கோ. கணீரெண்டு கேட்டா நல்லது, சத்தம் செத்துக் கேட்டா விட்டிட்டு வாங்கோ. பிறகு மண்ணுக்குள்ள இறக்கி, முன் பூட்டு ரெண்டையும் போட்டு, கீழ் கியரில ஓட்டிக் காட்டச் சொல்லுங்கோ. "அது வேலை செய்யும், இப்ப தேவையில்லை" எண்டு சொன்னா காசு குடுக்காதேங்கோ. ஞாயிறு எண்டா நானும் வாறன்.