7-க்கும் 8-க்கும் நான்கு பிட் வித்தியாசம் வருகிறது: உதவி தேவை

தேன்சிட்டு: அவசரம். எண்களைப் பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) வரிசையாக்கி, எத்தனை பிட் மாறுகிறது என்று எண்ணி ஒப்பிடுகிறேன் (ஹேமிங் தொலைவு). 7, 8 இரண்டுக்கும் இடைவெளி 1தான். ஆனால் 0111, 1000 என்று நான்கு பிட்டும் மாறிவிடுகின்றன. எண்களின் இடைவெளி பிட்களிலும் அப்படியே வர என்ன வழி? இன்று இரவுக்குள் முடிக்க வேண்டும்.

மலைநாடன்: எண்கள் எதுவரை போகும்? எதை அளந்த எண்கள்?

குறிஞ்சி: கிரே குறியீட்டைப் போடுங்கள். அடுத்தடுத்த எண்களுக்கிடையே ஒரே பிட்தான் மாறும். பல ஆண்டுகளாக எனக்குக் கைகொடுப்பது இதுதான்.

ஆலமரம்: கேள்வியை நிதானமாகப் படியுங்கள், குறிஞ்சி. மூன்று பிட் கிரேயில் 0 என்பது 000, 7 என்பது 100. ஏழு தள்ளியிருக்கும் எண்ணும் ஒரே பிட்டில்தான் வேறுபடுகிறது. அண்டை எண்களைக் காப்பது வேறு, தொலைவைக் காப்பது வேறு. அடிப்படைப் பாடம் இது. தேவை தெர்மாமீட்டர் குறியீடு: 3 என்றால் வலமிருந்து மூன்று ஒன்றுகள். 0 முதல் 15 வரை 15 பிட். அதற்குக் குறைக்க வழியில்லை. 0-க்கும் 15-க்கும் இடையே 15 பிட் மாறியாக வேண்டுமே.

குறிஞ்சி: தவறை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெல் ஆய்வகத்தின் ஃபிராங்க் கிரே 1953-இல் காப்புரிமை பெற்ற வேலையை இவ்வளவு இளக்காரமாகப் பேச வேண்டாம்.

ஆலமரம்: பெயர்தான் அவருடையது. பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் எமில் போதோ 1870-களிலேயே தந்தியில் இதைப் பயன்படுத்திவிட்டார்.

குறிஞ்சி: போதோவுக்குத் தேவைப்பட்டது தந்திக்கு. அலைகளை எண்களாக்கும்போது பிழை பெருகாமல் தடுக்கலாம் என்று கண்டவர் கிரே. இரண்டும் ஒன்றாகிவிடாது.

மலைநாடன்: வரலாற்றுக்குத் தனி இழை தொடங்குங்கள். தேன்சிட்டு, என் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

தேன்சிட்டு: மன்னிக்கவும். நாளின் மணி, 0 முதல் 23 வரை. தெர்மாமீட்டர் போட்டுப் பார்த்தேன். இரவு 11 மணிக்கும் நள்ளிரவுக்கும் 23 வருகிறது!

மலைநாடன்: முதலிலேயே இதைச் சொல்லியிருக்கலாம். உங்கள் எண்கள் கோட்டில் இல்லை, வட்டத்தில் இருக்கின்றன. ஜான்சன் எண்ணி (பிட்களைச் சுற்றிவரச் செய்து எண்ணும் மின்சுற்று) முறை பொருந்தும். 12 பிட் போதும். 0 மணிக்கு எல்லாம் சுழி. மணிக்கு ஒன்றாக வலமிருந்து ஒன்றுகளை நிரப்புங்கள்; 12-இல் எல்லாம் ஒன்று. 13 முதல் வலமிருந்தே ஒவ்வொன்றாகச் சுழியாக்குங்கள். 23 என்பது 100000000000. இன்னொரு பிட் மாறினால் நள்ளிரவு.

தேன்சிட்டு: சரியாகிவிட்டது. 5-க்கும் 20-க்கும் 9 வருகிறது. நன்றி.

ஆலமரம்: நல்ல விடை, மலைநாடன். தேன்சிட்டு, நிமிடக் கணக்கும் வேண்டுமென்றால் இதே முறையில் 720 பிட் ஆகும். வேண்டுமா?